தேயிலைத் தண்டும் ஹெவி டியூட்டி கத்தியும்

ராணி அக்கா ஒரு பொலித்தீன் பையை எங்கள் கடை மேசையில் கவிழ்த்தார். விரல் நீளத் தேயிலைத் தண்டுகள், ஒவ்வொன்றிலும் ஓர் இலை. அடிப்பக்கம் கறுத்து அழுகியிருந்தது. எங்கள் முதலாளி மூக்கைப் பொத்திக்கொண்டார்.

“பாருங்க தம்பி. தவறணையில ரெண்டாயிரம் கன்னு போட்டேன். பாதிக்கு மேல இப்படித்தான். கன்னு கேட்டிருக்கிறவங்க வந்து நின்னா நான் எதக் காட்டுறது?”

ஹட்டன் டவுனில் இரும்புச் சாமான் கடையில் இருபது வருசத்துக்கு மேல் நின்றவன் நான். அன்றைக்கு எனக்கு ஒன்றுமே விளங்கவில்லை. அழுகிய தண்டை எதற்கு என்னிடம் காட்டுகிறார்? மண் கோளாறா, தண்ணீர் கூடிவிட்டதா?

“நீங்க குடுத்த கத்திதான் தம்பி” என்றார்.

அவர் நோர்வூட் பக்கம் சொந்தமாகத் தவறணை, அதாவது நாற்றங்கால் வைத்து, தேயிலைத் தண்டை வேர்பிடிக்க வைத்துக் கன்றாக விற்பவர். போன மாதம் தண்டு வெட்ட ஒரு மடக்குக் கத்தி கேட்டார். அப்போதுதான் புதுச் சரக்கு வந்திருந்தது. கறுப்புப் பூச்சு, தடித்த அலகு, பாதிக்கு அரம்பப் பல், கண்ணாடி உடைக்க ஒரு முனை. பெட்டியில் கொட்டை எழுத்தில் ‘ஹெவி டியூட்டி’.

“பெட்டியில போட்டிருக்கிறத வாசி, போதும். ஒன் மூளைய எல்லாம் போடாத” என்பார் முதலாளி. நானும் கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பித்தேன். அக்கா வாங்கிப் போனார்.

ஆனால் விறகு வெட்டும் ஆறுமுகம் அண்ணன் அதே கத்தியை, அக்கா அழுகிய தண்டோடு வந்ததற்கு முந்தின நாள்தான் புகழ்ந்திருந்தார். “கயிறு, பட்டை, எதப் போட்டாலும் அறுக்குது. சும்மா சொல்லக் கூடாது!” ஒரே கத்தி எப்படி நல்லதாகவும் கெட்டதாகவும் இருக்கும்? மண்டை குழம்பியது. அக்காவுக்கு வெட்டத் தெரியவில்லை என்றுகூட நினைத்தேன். அப்படி நினைத்ததற்கு இன்றும் வெட்கப்படுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி அவர் தவறணைக்குப் போனேன். அக்கா தண்டைப் பிடித்துச் சரிவாக வெட்டினார். கை ஆடவில்லை. ஆனால் வெட்டுப்பட்ட இடம் மென்று துப்பிய வெற்றிலைக் காம்பு மாதிரி நசுங்கி, தோல் உரிந்து நின்றது. பிறகு அவர் ஒரு சவர பிளேடை எடுத்து இன்னொன்றை வெட்டினார். கண்ணாடி மாதிரி வழுவழுவென்று இருந்தது.

“நசுங்குன இடத்துல வேர் எங்க தம்பி வரும்? அழுகத்தான் செய்யும்” என்றார். “பெரிய கடைக்காரரு சொன்னா சரியாத்தான் இருக்கும்னு நானும் வெட்டிட்டே போனேன்.”

கயிற்றையும் பட்டையையும் அறுத்த அதே தடித்த அலகுதான் பிஞ்சுத் தண்டை நசுக்கியிருந்தது. கன்று கேட்டிருந்தவர்கள் அந்த முறை வேறு இடத்தில் வாங்கிக்கொண்டார்கள். அக்கா என்னைத் திட்டவே இல்லை. திட்டியிருக்கலாம்.

அடுத்த பருவத்தில் அவர் திரும்ப வந்தார். நான் அவசரமாக ஒரு மெல்லிய கத்தியை எடுத்து, “அக்கா, இது வந்து...” என்று ஆரம்பித்தேன்.

அவர் பையிலிருந்து ஒரு பச்சைத் தண்டை எடுத்து மேசையில் வைத்தார்.

“பேசாதீங்க தம்பி. வெட்டிக் காட்டுங்க.”