ஆள் புழங்கும் வீடு

எதிர் வீட்டு அக்காவுக்கு விடுதியில் அறை சுத்தம் செய்யும் வேலை. ஒரு நாளைக்குப் பதினாறு அறைகள். முதல் நாள் தங்கியவர் அங்கே தூங்கினார், குளித்தார் என்பதற்கு ஒரு தலைமுடிகூடச் சாட்சி இல்லாமல் துடைத்துவிட வேண்டும். அதில் அக்கா படு கெட்டிக்காரி. மேற்பார்வையாளர் கண்ணாடியை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, பேசாமல் அடுத்த அறைக்குப் போய்விடுவாராம். அந்தத் தொழிலில் அதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது.

அவருடைய கணவர் பேக்கரியில் மாவு பிசைபவர். நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். மாமாவுக்கு இந்த நாட்டில் குடியிருப்பு அனுமதி பல வருடங்களாக இருக்கிறது. மனைவி என்ற முறையில் அக்காவுக்கு இனிமேல்தான் கிடைக்க வேண்டும். காகிதத்தில் மட்டும் கல்யாணம் செய்து அனுமதி அட்டை வாங்குகிறவர்கள் உண்டு என்பதால், வீட்டுக்கே வந்து பார்ப்போம் என்று குடியேற்ற அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. இந்த வாரத்தில் ஏதோ ஒரு நாள், ஒன்பதிலிருந்து ஐந்துக்குள். இருவரும் சேர்ந்து வாழவில்லை என்று அவர்களுக்குப் பட்டால், முப்பது நாளில் அக்கா மூட்டையைக் கட்ட வேண்டியதுதான்.

நான் டாக்சி ஓட்டுகிறவன். இந்த ஊர் மொழி ஓரளவு வரும் என்பதால் கடிதத்தைப் படித்துச் சொன்னது நான்தான். படித்ததோடு நிறுத்தியிருக்கலாம். என் வாய் சும்மா இருக்காது.

“பயப்படாதீங்கக்கா. உள்ளதைச் சொல்லுங்க. வீட்டை மட்டும் கொஞ்சம் சுத்தமா வச்சுக்குங்க.”

கொல்லன் தெருவில் ஊசி விற்றேன்.

அக்கா வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டுக் காத்திருந்தார். லிஃப்ட் நிற்கும் சத்தம் கேட்டால் எழுந்து நிற்பார். சோறு இறங்கவில்லை, தூக்கமும் இல்லை. நான்காம் நாள் காலை பத்து மணிக்கு என் கதவைத் தட்டினார்.

“தம்பி, வந்துட்டாங்க. அவர் பேக்கரிக்குப் போயிட்டார். நீங்க வாங்க, எனக்கு நாக்கே எழும்பல.”

உள்ளே போனேன். அது நான் டீ குடித்துப் பழகிய வீடே இல்லை. கட்டிலில் விரிப்பு சுருக்கமில்லாமல் இழுத்துச் செருகியிருந்தது. வாசலில் செருப்பு இல்லை, கொடியில் துணி இல்லை, அடுப்பில் ஒரு பொட்டு எண்ணெய் இல்லை. கழிவறைக் காகிதச் சுருளின் முனையைக்கூட விடுதியில் செய்வதுபோல முக்கோணமாக மடித்து வைத்திருந்தார். வந்திருந்த அதிகாரி, கண்ணாடி போட்ட ஒரு அம்மாள், அந்த முக்கோணத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார்.

இங்கே எத்தனை பேர் வசிக்கிறீர்கள் என்று கேட்டார். இரண்டு பேர், மூன்று வருடமாக என்று அக்கா சொன்னதை நான் மொழிபெயர்த்தேன். உங்கள் கணவரின் பல் துலக்கும் பிரஷ் எங்கே என்றார். அக்கா அலமாரியைத் திறந்து இரண்டு பிரஷ்களைக் காட்டினார். இரண்டும் புத்தம் புதிது, அட்டையைக்கூடப் பிரிக்கவில்லை. பரிசோதனைக்கு வருகிறவர்கள் பழசைப் பார்த்தால் அசிங்கம் என்று முந்தின நாள்தான் வாங்கினாராம். மாமாவின் சட்டைகள் கடையில் அடுக்கியதுபோல இஸ்திரி போட்டு அடுக்கியிருந்தன.

அந்த அம்மாள் தன் தாளில் எழுதினார். எட்டிப் பார்த்தேன். ‘ஆள் புழக்கம் தெரியவில்லை.’ அதை நான் மொழிபெயர்க்கவில்லை. அக்கா என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டார்.

“பழசெல்லாம் எங்கக்கா?”

“காலையில எல்லாத்தையும் மூட்டை கட்டிக் கீழ குப்பைத் தொட்டியில போட்டுட்டேன்.” அடுத்த நொடி வெறுங்காலோடு படியிறங்கி ஓடினார்.

அதிகாரி கோட்டை மாட்டிக்கொண்டார். நான் மழையைப் பற்றி, வாடகையைப் பற்றி, வாயில் வந்ததையெல்லாம் பேசி அவரை வாசலிலேயே நிறுத்தி வைத்தேன். குப்பை லாரி வந்து போயிருந்தால் என்ன ஆகும் என்று நினைக்கவே பயமாக இருந்தது.

அக்கா கறுப்பு மூட்டையோடு வந்தார். மூச்சு வாங்க, தான் துடைத்துத் துடைத்துப் பளபளக்க வைத்த தரையின் நடுவில் அதைக் கவிழ்த்தார். வெங்காயத் தோல், டீத்தூள், முட்டை ஓடு. சீப்பிலிருந்து எடுத்த நீளமான முடிச்சுருள். மாமாவின் சவரக் கத்தி, அவர் பெயர் போட்ட பேக்கரிச் சம்பள உறை, முனை தேய்ந்த இரண்டு பிரஷ்கள். அப்புறம் ஒரு தலைச்சாய டப்பா.

இது யாருடையது என்றார் அதிகாரி.

அக்கா தயங்கினார். “அவரோடது. தம்பி, உங்களுக்குத் தெரியும்னு அவர்கிட்ட சொல்லிடாதீங்க. தலை கருப்புன்னு ரொம்பப் பெருமை அவருக்கு.”

அதையும் மொழிபெயர்த்தேன். அந்த அம்மாள் பேனாவால் ஓர் உடைந்த கோப்பையைச் சுட்டினார். இது எப்படி உடைந்தது?

“சண்டைங்க. நாலு நாளா தேய்ச்சுக்கிட்டே இருக்கியே, இது என்ன வீடா ஆஸ்பத்திரியான்னு கேட்டார். நான் கோப்பையை டொக்குனு வச்சேன். கைப்பிடி தனியா வந்துடுச்சு.” சொல்லிவிட்டு அக்கா தரையில் உட்கார்ந்து அழுதார். “அவர் சொன்னதைக் கேட்டிருக்கணும்.”

அதிகாரி நிறைய நேரம் எழுதினார். சிரிக்கவும் இல்லை, முறைக்கவும் இல்லை. கடிதம் வரும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

கடிதம் வர நாற்பத்தொரு நாள் ஆனது. அத்தனை நாளும் அக்கா வீட்டைத் தொடவில்லை. திரும்ப வந்தாலும் வருவார்கள் என்று பயம். மாமாவின் சட்டை நாற்காலியிலும், செருப்பு நடுவழியிலும் கிடந்தன. அவர் எதையாவது எடுத்து வைத்தால் அக்கா கத்துவார். விடுதியில் பதினாறு அறையைப் பளிச்சென்று துடைத்துவிட்டு வந்து, தன் வீட்டில் தூசியைப் பார்த்துக்கொண்டு கையைக் கட்டி உட்கார்ந்திருப்பார். அதைப் பார்க்கும்போதெல்லாம் என் வாயை நானே தைத்துக்கொள்ளலாம் போலிருக்கும்.

கடிதத்தோடு அட்டையும் வந்தது. மாமா என்னைக் கூப்பிட்டனுப்பினார். முகமெல்லாம் பல். அக்கா அட்டையை என் கையில் கொடுத்து, “எதுவரைக்கும்னு பாருங்க தம்பி” என்றார்.

“ஒரு வருஷம்க்கா. அப்புறம் புதுப்பிக்கணும்.”

“மறுபடி வீட்டுக்கு வருவாங்களா?”

“வரலாம்.”

அக்கா விரல் விட்டு மாதங்களை எண்ணினார். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டார்.

“அப்போ ஒரு பத்து மாசத்துக்கு நான் வீட்டைக் கூட்டித் துடைச்சுக்கலாமா தம்பி?”

அனுமதி கொடுக்க வேண்டியவன் நான்தான் என்பதுபோல் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.