புகையில்லாத ஓட்டோவுக்குப் புகைச் சான்று

திருகோணமலையில் ஓட்டோ வைத்திருப்பவர்களை எண்ணி முடியாது. ஓட்டோவைத் தன் கையால் ஆக்கி எடுத்தவர் ஒரே ஒருவர்தான், ஓர்ஸ் ஹில் மேட்டில் இருக்கும் இரத்தினசிங்கத்தார். இதை அவர் சொல்லித்தான் ஊருக்குத் தெரியும். சொல்லாமல் விட்ட நாளும் கிடையாது.

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குப் பெரிய கும்பிடாகப் போட்டவர் அவர். கந்தளாய்ச் சீனித் தொழிற்சாலையில் கரும்பு லொறிகளுக்குக் கிறீஸ் பூசப் போனபோது மீசைகூட அரும்பவில்லை. தொழிற்சாலை படுத்த பிறகு, ஸ்பானர் பெட்டி ஒன்றோடு பட்டினத்துக்கு வந்தார். துறைமுகப் பண்டகசாலைகளில் மூட்டை தூக்கும் பற்றரி வண்டிகளைத் திருத்தும் வேலை கிடைத்தது. ஒரு வரி இங்கிலீசு வாசிக்கத் தெரியாது. ஆனால் கெட்டுப்போன மோட்டரில் காதை வைத்தால் போதும், எங்கே நோகிறது என்று அது அவருக்குச் சொல்லிவிடும். அந்தக் காதாலும் கையாலும்தான் கல்வீடு கட்டினார், இரண்டு பெண்பிள்ளைகளைக் கரை சேர்த்தார். ஒருத்தனும் கொடுத்ததில்லை, ஒருத்தனிடமும் கேட்டதில்லை.

மனைவி பாக்கியரத்தினமும் சும்மா இருந்தவள் அல்ல. பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் கொட்டில் போட்டு அரை ஆயுள் இடியப்பம் அவித்து விற்றவள். அங்கே பஸ்காரர்கள் விடியலில் வண்டியைப் பின்னுக்கு எடுத்து, புகைக்குழாயைக் கொட்டில் பக்கம் திருப்பி வைத்து எஞ்சினைச் சூடாக்குவார்கள். இடியப்பத்தை மூடி வைத்தாள். நெஞ்சை எதால் மூடுவது? இப்போது அவளுக்கு இழுப்பு. மாதம் ஒருமுறை ஆஸ்பத்திரியில் நெஞ்சுக் கிளினிக். வழியில் கொஞ்சம் கரும்புகை மூக்கில் ஏறினாலும் போதும், மீன் கரையில் துடிக்கிறமாதிரித் துடிப்பாள்.

பெற்றோலுக்கு நாடே வரிசையில் நின்ற வருடம் இரத்தினசிங்கத்தாரும் தன் ஓட்டோவைத் தள்ளிக்கொண்டு வரிசையில் நின்றார். நின்ற இடத்திலேயே முடிவெடுத்தார். இனி இந்தச் சனியனுக்காகக் கையேந்துவதில்லை. பண்டகசாலையில் கழித்துவிட்ட மோட்டரும் பற்றரிகளும் தேடி எடுத்தார். பிழைவிட்டுப் பிழைவிட்டு, கழற்றிக் கழற்றிப் பூட்டினார். கடைசியில், போன வருடம் வண்டிக்கு லைசென்ஸ் எடுத்த கையோடு பெற்றோல் எஞ்சினை இறக்கி, குறிஞ்சாக்கேணியில் கராஜ் வைத்திருக்கும் ஹஸ்மிக்கு விற்றார். மோட்டரை ஏற்றினார். ஓட்டோ சத்தமில்லாமல் ஓடியது. புகையே இல்லை. பிள்ளைகள் 'பேய் ஓட்டோ' என்று பின்னால் ஓடினார்கள். பாக்கியரத்தினம் பின்சீற்றில் இரண்டு பக்கத் திரையையும் இழுத்துவிட்டு, இழுப்பில்லாமல் கிளினிக்குக்குப் போய் வந்தாள். அது போதாதா ஒரு மனிசனுக்கு?

போதாது என்றது சட்டம்.

காற்றைக் காப்பாற்ற அரசாங்கம் போட்ட சட்டம் அது. வருடத்துக்கு ஒருதரம் வாகனம் புகைச் சோதனையில் பாஸாக வேண்டும். அந்தச் சான்று இருந்தால்தான் வருட லைசென்ஸ். லைசென்ஸ் இல்லாத வாகனம் தெருவில் இறங்கக் கூடாது. நல்ல சட்டம்தான், அதை அவரும் ஒத்துக்கொள்வார். அதை எழுதின காகிதத்துக்கு மூக்கில்லை என்பதுதான் பிழை.

பிரதேச செயலகத்தில் லைசென்ஸ் கவுண்டரில் இருந்த பிள்ளை சிவாஜினி மரியாதையாகத்தான் பேசினாள்.

"ஐயா, புகைச் சான்று கொண்டு வந்தனீங்களோ?"

"பிள்ளை, என்ட ஓட்டோவில புகை இல்லை."

"புகை இல்லை எண்டதுக்குத்தானே ஐயா சான்று."

"குழாயே இல்லை, பிள்ளை! எதுக்குள்ள மெசினை விடுறது, என்ட வாய்க்குள்ளயோ?"

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. "மின்சார வாகனத்துக்குச் சோதனை தேவையில்லைதான் ஐயா. ஆனா உங்கட வண்டி பதிவில பெற்றோல் எண்டு கிடக்கு. அதை மாத்தக் கொழும்புக்குப் போகோணும். பற்றரி செய்த கொம்பனியின்ட கடிதமும் வேணும்."

"செய்தது நான்தான்."

"நீங்கள் கொம்பனியோ ஐயா?"

கொழும்புக்கும் போனார். அங்கேயும் அதே கேள்வியைத்தான், குளிரூட்டி போட்ட அறைக்குள் இருந்து கேட்டார்கள். அவர் பற்றரிப் பெட்டியின் அருமை பெருமையைச் சொல்லத் தொடங்க, கதிரையில் இருந்த துரை கைத்தொலைபேசியைப் பார்க்கத் தொடங்கினார். சீ என்று எழுந்து வந்துவிட்டார்.

லைசென்ஸ் முடிய இன்னும் சில நாள்தான். அடுத்த கிளினிக்கும் அதை ஒட்டித்தான் வருகிறது. ஒரு வழி சொல்லுவானா என்று குறிஞ்சாக்கேணிக்கு, ஹஸ்மியிடம் போனார்.

ஹஸ்மி இதைக் கேட்டுவிட்டுத் தொடையில் தட்டிச் சிரித்தான். "இதுக்காகவா கொழும்புக்குப் போனீங்க? அண்ணன், ஒரு நாளைக்கு எஞ்சினப் பூட்டுங்க. பாஸ் பண்ணுங்க. கழட்டிட்டு மோட்டரப் போடுங்க. முடிஞ்சுது கத."

"எந்த எஞ்சினை?"

ஹஸ்மி மூலையில் கிடந்த சாக்கை விலக்கினான். துடைத்து மினுக்கிய எஞ்சின் ஒன்று பலகையில் இருந்தது. இரத்தினசிங்கத்தாருக்கு அதன் எண்ணைப் பார்க்கத் தேவைப்படவில்லை. பெற்ற பிள்ளையைத் தகப்பனுக்குத் தெரியாதா? அவர் விற்ற எஞ்சின்!

"இத விக்கேல்லயே அண்ணன். உங்கட கைப்பட்ட எஞ்சின், புகையே கக்காது. இது இப்ப சோதனைக்கு மட்டும்தான். ஊருல அரைவாசி ஓட்டோ இதாலதான் பாஸ்."

இரத்தினசிங்கத்தார் சாக்கை இழுத்து எஞ்சினை மூடினார். கலியாண வீடு கலியாண வீடாக இரவல் போகும் நகைமாதிரி, அவர் பார்த்துப் பார்த்து வளர்த்த எஞ்சின் ஊரின் ஓட்டைச் சட்டிகளுக்கெல்லாம் ஒரு நாள் தாலியாகத் தொங்கியிருக்கிறது. அந்தச் சட்டிகள் மறுநாளே தங்கள் பழைய எஞ்சினோடு தெருவில் இறங்கி, பாக்கியரத்தினத்தின் நெஞ்சுக்குள் புகை விட்டிருக்கின்றன.

"தூ" என்றார். ஆனாலும் தலையாட்டினார். வேறு வழி?

சோதனைக்குப் புறப்பட்ட காலை, பிளேன்ரீக் கோப்பையைக் கையில் கொடுத்துப் பாக்கியரத்தினம் ஒன்றே ஒன்று சொன்னாள்.

"இஞ்சாருங்கோ, வாயை மட்டும் வீட்டில வச்சிட்டுப் போங்கோ."

சோதனை நிலையத்தின் படலைக்கு வெளியே மண் லொறி ஒன்று நின்றது. சாரதி எஞ்சினுக்குள் தலையை விட்டு டீசல் பம்பின் திருகாணியை இறுக்கிக்கொண்டிருந்தான். இறுக்கினால் டீசல் குறைவாகப் போகும், புகை அடங்கும். உள்ளே போய்ப் பாஸாகி, வெளியே வந்து, அதே இடத்தில் நின்று அதே திருகாணியைத் தளர்த்தினான். லொறி ஒரு செருமல் செருமிக் கருமுகிலாகப் புகையை விட்டுவிட்டுப் போனது. ஒளிவு மறைவு ஒன்றும் இல்லை. கோயிலுக்குள் போகும்போது செருப்பைக் கழற்றிவிட்டு, வரும்போது போட்டுக்கொள்கிறமாதிரி.

முறை வந்தது. சோதனை செய்யும் சிவரூபன், கண்ணாடி போட்ட மெலிந்த மனிதன். ஹஸ்மி பூட்டிவிட்ட குழாய்க்குள் மெசினின் கம்பியை விட்டான். எஞ்சின் பூனைக்குட்டிமாதிரி உறுமியது. திரையில் இலக்கங்கள் ஓடி நின்றன.

"பாஸ் ஐயா. பேப்பர் இப்ப வரும்." பிறகு சும்மா இருந்திருக்கலாம். அவன் கண்ணைச் சிமிட்டினான். "இந்தச் சத்தம் எனக்கு நல்ல பழக்கம். ஹஸ்மி அண்ணன்ட எஞ்சின் எப்பவும் பாஸ்தான். அந்தாள் கையில வித்தை இருக்கு."

இரத்தினசிங்கத்தாருக்கு உச்சியில் அடித்தது.

"ஆரின்ட எஞ்சின்?"

"இல்லை ஐயா, சும்மா சொன்னனான்..."

"ஹஸ்மிட எஞ்சினோ? தம்பி, இது என்ட எஞ்சின்! என்ட நம்பர் பதிவில கிடக்கு, பார்! வால்வு தீட்டினது நான், ரிங் போட்டது நான். சாக்கால துடைச்சதைத் தவிர ஹஸ்மி என்ன செய்தவன்?"

முற்றத்தில் நின்ற ஓட்டோக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஆட்கள் பார்க்கத் தொடங்கினால் அவருக்கு நிறுத்த ஏலாது. அது அவர் பிறவிக்குணம்.

"இதைவிடப் பெரிய விசயம் சொல்லட்டோ? என்ட ஓட்டோவுக்கு எஞ்சினே இல்லை! மோட்டரில ஓடுறது. நானே செய்தனான். உங்கட மெசினுக்குக் காட்டத்தான் இதை நேற்றுக் கட்டிக்கொண்டு வந்தனான். வெளியில போனதும் கழற்றி எறிஞ்சிடுவன்!"

கண்ணாடி அறைக்குள் இருந்த நிலையப் பொறுப்பாளர் எழுந்து வெளியே வந்தார். அவர் முகத்தில் கோபமில்லை. கேட்கக்கூடாததைக் கேட்டுவிட்ட மனிசனின் சலிப்புத்தான் இருந்தது.

"ஐயா, நீங்கள் சொல்லாமல் இருந்திருக்கலாம். இத்தினை பேருக்கு முன்னால சொன்ன பிறகு நான் பேப்பர் தர ஏலாது."

சிவரூபன் தலையில் கைவைத்தான். இரவல் எஞ்சினுக்கு முறை பார்த்துக்கொண்டு நின்ற ஓட்டோக்காரன் ஒருவன் கத்தினான். "கிழவா, உன்ட பெருமைக்கு எங்கட வயித்தில ஏன் அடிக்கிறாய்?"

கழற்றிய மோட்டரையும் பற்றரிகளையும் வைத்துக்கொண்டு படலைக்கு வெளியே காத்திருந்த ஹஸ்மிக்குச் செய்தி அவருக்கு முன்னமே போய்விட்டது. "அல்லாவே! அண்ணன், ஒரு பேப்பருக்குக் கொஞ்ச நேரம் வாயப் பொத்தேலாமப் போச்சா?"

"நீ பேசாத. என்ட எஞ்சினை உன்ட எண்டு சொல்லித் திரிஞ்சிருக்கிறாய்."

"நான் சொல்லேல்ல. சனம் சொல்லுது!"

"மறுத்தாவது சொன்னனியோ?"

ஹஸ்மி அங்கேயே குந்தியிருந்து எஞ்சினைக் கழற்றினான். மோட்டரைப் பூட்ட இரத்தினசிங்கத்தார் அவனைத் தொடவிடவில்லை. தானே பூட்டினார்.

வீட்டில் பாக்கியரத்தினம் அவர் முகத்தைப் பார்த்தே விளங்கிக்கொண்டாள். "வாயையும் கொண்டுதான் போனனீங்கள்" என்றாள்.

கிளினிக் நாள் வந்தது. லைசென்ஸ் முடிந்துவிட்டது. முதலில் வாடகை ஓட்டோவைக் கூப்பிட்டார்கள். அவள் ஏறி இருந்தாள். ஓட்டோ இரண்டு தரம் இருமிப் புகையைக் கக்க, மூன்றாவது இருமல் அவளுடையது. சந்தியைத் தாண்டவில்லை, இறங்கித் திரும்பி வந்தாள். கூட இறங்கிய இரத்தினசிங்கத்தார் அந்த ஓட்டோவின் முன்கண்ணாடியைப் பார்த்தார். இந்த வருட லைசென்ஸின் பச்சைச் சீட்டு அதில் நேராய், அழகாய் ஒட்டியிருந்தது.

தன் ஓட்டோவை வெளியே எடுத்தார்.

"ஏறு."

"பொலிஸ் நிண்டால்?"

"நிண்டால் நிக்கட்டும். உனக்கு மூச்சு வேணுமோ, அவங்களுக்குச் சீட்டு வேணுமோ?"

துறைமுகக் கரையோரத் தெருவால் போனார்கள். கடல் காற்று. அவள் திரையைக்கூடக் கொஞ்சம் விலக்கினாள். வளைவில் போக்குவரத்துப் பொலிஸ் சார்ஜன் கையை நீட்டினார். பழைய சீட்டைப் பார்த்தார், ஓட்டோவைச் சுற்றிப் பார்த்தார், குனிந்து பின்பக்கத்தையும் பார்த்தார்.

"லைசென்ஸ் இல்லையே ஐயா."

இரத்தினசிங்கத்தார் வாயைத் திறக்கும்முன் பஸ் ஒன்று ஏற்றத்தில் முக்கி முனகி வந்தது. விட்ட புகையில் எதிர்க்கரை மறைந்தது. சார்ஜன் சட்டைப் பையிலிருந்து லேஞ்சியை எடுத்து மூக்கைப் பொத்தினார். பின்சீற்றில் திரை சட்டென்று மூடியது. உள்ளே இழுப்பின் விசில் கேட்டது.

"அதை மறியுங்கோ ஐயா!"

"அதுக்குச் சான்று இருக்கு" என்றார் சார்ஜன் லேஞ்சிக்குள்ளிருந்து. கெட்ட மனிதன் இல்லை. அம்மாவை முதலில் ஆஸ்பத்திரியில் இறக்கச் சொன்னார். பிறகு ஓட்டோவை ஸ்டேசனில் கொண்டுவந்து விடவேண்டும் என்றார். தண்டச் சீட்டை எழுதத் தொடங்கினார்.

"என்ன குற்றம் எழுதுறீங்கள்?"

"லைசென்ஸ் இல்லை. புகைச் சான்றும் இல்லை."

"எழுதுங்கோ. அதுக்குக் கீழ, புகையும் இல்லை எண்டு எழுதுங்கோ."

சார்ஜன் சீட்டைத் திருப்பிப் பார்த்தார். "அதுக்கு இதில இடமில்லை ஐயா."

ஓட்டோ ஸ்டேசன் முற்றத்தில் நின்றுவிட்டது. மத்தியானம் இருவரும் பஸ்ஸில் திரும்பினார்கள். எல்லாச் சீட்டும் வரிசையாய் ஒட்டிய பஸ். பாதி வழியில் பாக்கியரத்தினம் சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்தியபடி கையைக் காட்டினாள், இறங்கிவிட்டார்கள். ஓர்ஸ் ஹில் ஏற்றத்தை நடந்து ஏறினார்கள். அவள் நாலடி நடப்பதும் நிற்பதுமாய் வந்தாள். அவர் மருந்துப் பையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றார். மேலே இருந்து அடுத்த பஸ் இறங்கி வந்தது. காறித் துப்பினார்.

எதிரே வந்த கடைக்காரச் சின்னராசா கேட்டார்: "என்னண்ணை, நடையில? பேய் ஓட்டோ எங்க?"

இரத்தினசிங்கத்தார் பையைக் கைமாற்றி நெஞ்சை நிமிர்த்தினார். "சின்னராசா, இந்தத் திருகோணமலையில ஓட்டோவைத் தன்ட கையால செய்தவன்..."

"நடவுங்கோ" என்றாள் பாக்கியரத்தினம், மூச்சை எடுத்து.