தண்ணீர் கேனும் என் வலது கண்ணும்

ஐம்பது வயதைத் தாண்டிய பிறகுதான் நான் எடை தூக்க ஆரம்பித்தேன். முட்டிவலிக்காகப் பார்த்த மருத்துவர், "நடந்தா மட்டும் பத்தாதும்மா, தசைக்கு வேலை குடுங்க" என்று சொல்லிவிட்டார். கோவில்பதாகையில் எங்கள் தெருவுக்குப் பக்கத்திலேயே மளிகைக் கடை ஒன்றின் மாடியில் ஜிம் இருந்தது. ஒரு மாலை, திருமழிசையில் வேலை முடிந்து வந்த களைப்போடு, கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டே மாடியேறிப் போய்ச் சேர்ந்துவிட்டேன். சல்வார் கமீஸில் வந்து நின்ற என்னை, யாரையோ கூட்டிப்போக வந்திருக்கும் அம்மா என்று அங்கிருந்தவர்கள் நினைத்தார்கள்.

என் கணவருக்கு அது பிடிக்கவில்லை. ஆவடித் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். குவார்ட்டர்ஸில் இருந்த காலம் முழுக்க விடிகாலையில் நடக்கப் போனவர். நடைதான் உடற்பயிற்சி, மற்றதெல்லாம் சினிமாக்காரர்கள் செய்வது என்பது அவர் கட்சி. "இந்த வயசுல ஜிம்மா?" என்று ஒரு முறை கேட்டார். அப்புறம் கேட்கவில்லை. ஆனால் நான் ஜிம்முக்குக் கிளம்பும்போதெல்லாம் டி.வி. சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைப்பார்.

எனக்கோ அது பிடித்துப்போனது. ஒரு வருஷத்துக்குள் முட்டிவலி குறைந்தது. பஸ்ஸில் கம்பியைப் பிடித்து ஏறும்போது உடம்பு தானாக எழும்பியது. தரையில் கிடக்கும் இரும்புக் கம்பியை இடுப்பு வரை தூக்கி நிறுத்தும்போது வரும் சந்தோஷத்தை யாரிடமும் சொல்லிப் புரியவைக்க முடியாது என்பதால் சொல்லவும் இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மொட்டை மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது வலது கண்ணுக்கு எதிரே கொசு ஒன்று சுற்றியது. கையை வீசினேன். போகவில்லை. கண்ணை அசைத்த பக்கமெல்லாம் அதுவும் வந்தது. வெள்ளைப் போர்வையைக் கொடியில் விரித்தபோதுதான் தெரிந்தது, அது கொசு இல்லை. கருப்பு நூல் ஒன்று, அதைச் சுற்றி மிளகுப் பொடி தூவியதுபோல் புள்ளிகள். கண்ணை மூடினால் ஓரத்தில் யாரோ டார்ச் அடித்து அணைப்பதுபோல் ஒரு வெளிச்சம்.

கீழே இறங்கி வந்து கணவரிடம் சொன்னேன். பேப்பரைக்கூட மடிக்கவில்லை அவர். "கண்ட கண்ட எடையெல்லாம் தூக்கினா கண்ணு பிதுங்காம என்ன பண்ணும்?" என்றார்.

அடுத்த நாள் காலையிலேயே அம்பத்தூர் பக்கம் ஒரு கண் மருத்துவமனைக்குப் போனோம். சொட்டு மருந்து விட்டு, கண் பாப்பா விரியும்வரை உட்கார வைத்தார்கள். அப்புறம் நெற்றியில் விளக்கு மாட்டிய ஒரு பெண் மருத்துவர் என்னைச் சாய்த்து, மேலே பாருங்கள், கீழே பாருங்கள், காதைப் பாருங்கள் என்று வெகுநேரம் சோதித்தார்.

"கண்ணுக்குள்ள கூழ் மாதிரி ஒண்ணு இருக்கும்மா" என்றார் அவர். "வயசானா அது சுருங்கி, பின்னாடி இருக்கற விழித்திரையிலேர்ந்து உரிஞ்சு வரும். நிறைய பேருக்கு வர்றதுதான், பயமில்ல. ஆனா உங்களுக்கு உரியறப்போ திரையைக் கொஞ்சம் கிழிச்சுட்டு வந்திருக்கு. இன்னிக்கே லேசர் வெச்சு அதைச் சுத்தி ஒட்டிடலாம்."

என் கணவர் கேட்கக் காத்திருந்த கேள்வியைக் கேட்டார். "ஜிம்முக்குப் போறா டாக்டர். அதனாலதானே?"

"அப்படிச் சொல்ல முடியாது சார். இவங்களுக்குச் சின்ன வயசுலேர்ந்தே மைனஸ் பவர் ஜாஸ்தி. வயசும் ஆகுது. ஜிம் பக்கமே போகாதவங்களுக்கும் இது வரும்."

என் கணவர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். லேசர் வைத்து, தலை விண்விண் என்று தெறிக்க நான் ஆட்டோவில் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தபோது, தன் தம்பிக்குப் போன் போட்டார். "ஜிம்மால வந்ததாம்டா" என்றார். எனக்கு அந்த ஆட்டோவிலிருந்து குதித்துவிடலாம்போல் இருந்தது. குதிக்கக் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார்.

குதிக்கக் கூடாது. எடை தூக்கக் கூடாது. தலையைத் தொங்கப்போட்டுக் குனியக் கூடாது. மூச்சை அடக்கி முக்கக் கூடாது, அது கழிப்பறையிலும்தான். மெதுவாக நடக்கலாம். புதிதாகப் புள்ளிகள் கொட்டினாலோ, மின்னல் அதிகமானாலோ, ஓரத்திலிருந்து திரை இறங்குவதுபோல் இருண்டாலோ உடனே வர வேண்டும். "எவ்வளவு நாள் டாக்டர்?" என்று கேட்டதற்கு, "தழும்பு நல்லாப் பிடிக்கட்டும், பாத்துட்டுச் சொல்றேன்" என்றார். நாள் தெரியாமல் காத்திருப்பதைப்போல எரிச்சல் தருவது வேறு எதுவும் இல்லை.

நடந்தேன். நடையைப் பற்றி இனி யாரும் எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம். எங்கள் தெருக்கள் பாதாளச் சாக்கடைக்குத் தோண்டி மூடியதும், மறுபடி தோண்டியதுமாகக் கிடந்தன. மேடு பள்ளத்தில் கால் இடறக் கூடாதே என்று கீழே பார்ப்பேன். நூல் மேலேயிருந்து கீழே வரும். வானத்தைப் பார்த்தால் அந்த வெளிச்சத்தில் புள்ளிகள் இன்னும் எடுப்பாகத் தெரியும். ஜிம் இருக்கும் தெரு வழியாகப் போவதை விட்டுவிட்டேன். மாடியிலிருந்து இரும்பு விழும் சத்தம் கேட்டால் வயிற்றெரிச்சலாக இருக்கும்.

வழியில் பிடித்துக்கொண்டவர்கள் எல்லோரிடமும் மருந்து இருந்தது. கேரட், பொன்னாங்கண்ணி, விளக்கெண்ணெய். எதிர்வீட்டு அம்மா மட்டும் கேட்டைப் பிடித்துக்கொண்டு நிதானமாகச் சொன்னார்.

"தெனமும் சிரசாசனம் பண்ணுங்கக்கா. கண்ணுக்கு ரத்தம் நல்லா எறங்கும். எங்க யோகா கிளாஸ்ல சொல்லிக்குடுத்தாங்க."

"தலைய தொங்கப்போடவே கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காங்க."

"டாக்டருங்க அப்படித்தான் சொல்வாங்க. ஆசனத்துல தலை தொங்குதா என்ன, நிக்குதுல்ல?"

நான் நடையைக் கட்டினேன்.

இப்படி ஒரு நாள் நடந்து முடித்து, கூடத்தில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருந்தேன். சமையலறையிலிருந்து என் கணவர் குரல் கொடுத்தார்.

"தண்ணி தீந்துடுச்சு. புது கேன் கேட்டாண்ட இருக்கு. கொண்டாந்து கவுத்துடேன்."

அவருக்கு அவ்வப்போது இடுப்புப் பிடிக்கும் என்பதால் வருஷக்கணக்காக அந்த வேலை என்னுடையது. வாசலிலிருந்து கேனைத் தூக்கி வந்து, மூடியைக் கிழித்து, ஸ்டாண்டின் மேல் தலைகீழாகக் கவிழ்க்க வேண்டும். அவர் சொன்னதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. வழக்கம்போல் சொன்னார். அதனால்தான் எனக்கு அவ்வளவு கோபம் வந்தது.

"அது எத்தனை கிலோ தெரியுமா உங்களுக்கு?" என்றேன்.

"தண்ணிதானே?"

"இருபது லிட்டர். இருபது கிலோ. ஜிம்முல சேந்த புதுசுல நான் தூக்கினதெல்லாம் அதுல பாதிகூட இல்ல."

அவர் சமையலறை வாசலுக்கு வந்து நின்றார். "அது வீட்டு வேலைம்மா. அது எப்படி எக்சர்சைஸ் ஆகும்?"

"இது வீட்டு வேலை, இது ஜிம்முன்னு கண்ணுக்குத் தெரியுமா?"

அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. கிரைண்டர் கல்லைத் தூக்கிக் கழுவுவது யார், அரிசி மூட்டையை இழுத்துப் போடுவது யார், நனைந்த போர்வைகளோடு வாளியை மாடிக்குத் தூக்கிப் போவது யார், கட்டிலுக்கு அடியில் தலையை விட்டுக் குனிந்து கூட்டுவது யார் என்று கேட்டுக்கொண்டே போனேன். லேசர் வைத்த மறுநாளிலிருந்து ஜிம்முக்குப் போகவில்லையே தவிர இதில் பாதியை நான் செய்துகொண்டுதான் இருந்திருக்கிறேன் என்பது சொல்லும்போதுதான் எனக்கே உறைத்தது.  "ஊரெல்லாம் ஜிம்மால வந்ததுன்னு சொல்றீங்களே, தண்ணி கேனால வந்ததுன்னு ஒருத்தர்கிட்டயாவது சொன்னீங்களா?"

 அவர் கேட்டுக்குப் போய்க் கேனை அங்கேயே திறந்தார். அதைச் சாய்த்துக் குடங்களில் ஊற்றி, குடம் குடமாக உள்ளே கொண்டுவந்தார். நடுவில் படியில் உட்கார்ந்து இடுப்பைப் பிடித்துவிட்டுக்கொண்டார். நான் எழுந்து போய் உதவவில்லை. அந்த வாரமே கேனைக் கவிழ்க்காமலே தண்ணீர் எடுக்க, அதன் மேல் மாட்டும் சின்ன மோட்டார் ஒன்றை வாங்கி வந்துவிட்டார். 

மறுபரிசோதனைக்குப் போன அன்று வேறொரு மருத்துவர் இருந்தார், இளைஞர். பார்த்துவிட்டு, "நல்லா ஒட்டிடுச்சும்மா, இனிமே நார்மலா இருக்கலாம்" என்றார்.

"நார்மல்னா?"

"எல்லாம் பண்ணலாம். நடக்கலாம், சமைக்கலாம், டி.வி. பாக்கலாம்."

"எடை தூக்கலாமா? நாப்பது கிலோ வரைக்கும் தூக்கிட்டிருந்தேன்."

அவர் கம்ப்யூட்டரில் என் வயதை இன்னொரு முறை பார்த்தார். "அதெல்லாம் எதுக்கும்மா உங்களுக்கு?" என்று சிரித்தார்.

நான் வெளியே வந்து, முதலில் பார்த்த பெண் மருத்துவரைப் பார்க்காமல் போக மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டேன். விரிந்த பாப்பாவோடு, வெளிச்சம் கூச, நெடுநேரம். அவர் கூப்பிட்டு, என் கேள்வியைச் சிரிக்காமல் கேட்டார்.

"இத்தனை கிலோன்னு சொல்ல எங்கிட்ட கணக்கு இல்லம்மா, உண்மையைச் சொல்றேன். ஒவ்வொரு டாக்டர் ஒவ்வொரு மாதிரி சொல்வாங்க. உங்க தழும்பு நல்லா இருக்கு. லேசான எடையில ஆரம்பிச்சு மெதுவா ஏத்துங்க. தூக்கறப்போ மூச்சை அடக்காதீங்க, வெளிய விடுங்க. முக்கித் தூக்கற அளவுக்குப் போகாதீங்க. தலை கீழ வர்ற மாதிரி எதுவும் இப்போதைக்கு வேண்டாம். ஸ்கிப்பிங் வேண்டாம். கண்ணுல அடிபடற விளையாட்டு வேண்டவே வேண்டாம். புதுசா ஏதாவது தெரிஞ்சா அப்படியே நிறுத்திட்டு வாங்க."

"இந்த நூல் எப்ப போகும்?"

"முழுசாப் போகாது. மூளை அதைக் கண்டுக்காம விடப் பழகிக்கும்."

என் மூளை இன்னும் பழகவில்லை.

ஜிம்முக்குத் திரும்பினால் அங்கே வேறு ஒரு தடை நின்றது. அங்கே பயிற்சி கொடுப்பவரை எல்லோரும் மாஸ்டர் என்போம். இதே பக்கம் பிறந்து வளர்ந்தவர். மாடு மாதிரி உடம்பு, ஆனால் சரியான பயந்தாங்கொள்ளி.

"இன்னாக்கா, கண்ணுல ஓட்டை உய்ந்துச்சாமே? ஒண்ணியும் தூக்காதீங்கக்கா. சைக்கிள் ஓட்டிகினு இருங்க, போதும்."

"டாக்டர் சொல்லிட்டாங்க மாஸ்டர், லேசா தூக்கலாம்னு."

"டாக்டரு சொல்லுவாங்க. நாளைக்கு எதுனா ஆச்சுன்னா ஓனரு என்னியத்தான் கேப்பாரு. எனுக்கு பயமா கீதுக்கா."

சில வாரங்கள் சாய்ந்து உட்கார்ந்து ஓட்டும் சைக்கிளில், எதிரே சுவரைப் பார்த்தபடி மிதித்தேன். என்னோடு சேர்ந்தவர்கள் கண்ணெதிரே கம்பியில் இரும்புத் தட்டுகளை ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டு போனார்கள். ஒரு நாள் பொறுக்க முடியாமல் இறங்கிப் போய், ரோஸ் நிறத்தில் இருந்த மிகச் சின்ன டம்பெல்லை நானே எடுத்துக்கொண்டேன். மாஸ்டர் ஓடி வந்தார். பிடுங்கவில்லை. எதிரே நின்று, "ஊதுங்கக்கா, ஊதுங்க, அடக்காதீங்க, ஊதுங்க" என்று கத்த ஆரம்பித்தார். பிரசவ அறையில்கூட எனக்கு அப்படி யாரும் கத்தியதில்லை. மொத்த ஜிம்மும் திரும்பிப் பார்த்தது. அன்றிலிருந்து நான் எதைத் தூக்கினாலும் அந்தக் கூச்சல்தான்.

கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினேன். பழைய எடையில் பாதிக்கு வந்திருந்தபோது, வேலை முடிந்து பூந்தமல்லி பேருந்து நிலையத்தில் ஆவடி பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். இடது கண்ணில் புகை வளையம்போல ஒன்று மிதந்தது. வலது கண்ணில் இல்லை. இடது கண்ணில். ஒவ்வொரு கண்ணாகப் பொத்திப் பார்த்தேன், சந்தேகமே இல்லை.

கணவருக்குப் போன் செய்துவிட்டு, அங்கிருந்தே ஆட்டோ பிடித்து மருத்துவமனைக்குப் போனேன். எனக்கு முன்பே அவர் வந்து வாசலில் நின்றிருந்தார். ஜிம் என்ற சொல் அவர் வாயிலிருந்து வரவில்லை. மறுபடி சொட்டு மருந்து, மறுபடி மேலே பாருங்கள், காதைப் பாருங்கள். இந்த முறை கிழிசல் இல்லை, கூழ் மட்டும் உரிந்திருக்கிறது என்றார் பெண் மருத்துவர். ஒரு கண்ணில் வந்தால் மற்றதிலும் வருவது சகஜம் என்றும் சொன்னார். "ஆனா கொஞ்ச வாரம் எடை வேண்டாம்மா. மறுபடி ஒரு தடவை பாத்துக்கறேன்."

நல்ல செய்திதான். ஆனால் எனக்கு அழுகை வந்துவிட்டது. மறுபடி சுவர், மறுபடி சைக்கிள், மறுபடி முதலிலிருந்து என்று நினைத்து, மருத்துவர் முன்னாலேயே தேம்பி அழுதேன். என் கணவர் பதறிப்போய்க் கேட்டார், "டாக்டர், அழுதா கண்ணுக்கு ஏதாவது ஆயிடுமா?"

"அழலாம் சார்" என்றார் மருத்துவர். "அதுக்குத் தடை இல்ல."

இப்போது மறுபடி தூக்குகிறேன். பழைய எடைக்கு இன்னும் வரவில்லை. வருவேனா என்று தெரியவில்லை. வேலையிடத்தில் கம்ப்யூட்டரின் வெள்ளைத் திரையில் நூலும் வளையமும் ஒன்றன் மேல் ஒன்று நீந்துகின்றன. தண்ணீர் கேனும் மாடிக்குப் போகும் வாளியும் கணவர் பொறுப்பு. சொல்லாமலே செய்கிறார், முனகிக்கொண்டே. அவர் தம்பி இன்னமும் போனில், "அண்ணி இன்னும் அந்த ஜிம்முக்குத்தான் போறாங்களா?" என்று கேட்கிறார்.

போன வாரம் இன்னொரு தட்டு சேர்க்கலாம் என்று மாஸ்டரிடம் சொன்னேன். "அட்த்த செக்கப் முட்ச்சிட்டு வாங்கக்கா, அப்பால பாக்கலாம்" என்று தட்டைக் கொண்டுபோய் மேல் வரிசையில் வைத்துவிட்டார். அவர் சொன்னது சரிதான். ஆனாலும் அன்றைக்கு நான் அவரோடு பேசவில்லை.