அக்காவின் பிளேட்டு தகரத்தில் காய்ந்த நாள்

அன்றைக்கு மேடையில் இருந்தவர்கள் மூன்று பேர்: நான், என் தம்பி, என் தங்கை. எங்களுக்கு நடுவில் ஒரு கிராமபோன் பெட்டி. அதையும் ஆளாகச் சேர்த்தால் நான்கு. கீழே முன்வரிசைப் பாயில் தோட்டத்து ஆட்களை வேலை வாங்கும் பெரிய கங்காணி, அவர் சம்சாரம், காலையில் முகூர்த்தம் முடிந்த பெண்ணும் மாப்பிள்ளையும், கிராமபோனை இரவல் கொடுத்த, தோட்டத்து ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணி. அவர்களுக்குப் பின்னால் கூலியாட்கள் குடியிருக்கும் லயத்து ஜனம் இருநூறு பேருக்குக் குறையாது. பந்தல் ஓரத்தில் கிள்ளானிலிருந்து வந்த சமையல்காரர், கையில் கரண்டியோடு.

இப்படி ஆள் எண்ணிச் சொல்வது என் வழக்கம். கோலாலம்பூர் ரயில்வே சாமான் ஷெட்டில் மூட்டை எண்ணுவதுதான் எனக்கு வேலை. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவனுக்கு அதுதான் கிடைத்தது. எண்ணிக்கை சரியாக இருந்தால் நானும் கொஞ்ச நேரம் பதறாமல் இருப்பேன்.

ரப்பர் விலை நன்றாக ஏறியிருந்த வருஷம் அது, தை மாதம். கிள்ளானை அடுத்த மேரு பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பெரிய கங்காணியின் மூத்த மகள் கல்யாணம்.

எங்கள் அக்காவைப் பற்றிச் சொன்னால்தான் மற்றது புரியும். வீட்டில் நாங்கள் நான்கு பிள்ளைகள். கோலாலம்பூருக்கு வந்த ஒரு நாடகக் கம்பெனியில் பாடப் போன அக்கா, அந்தக் கம்பெனியின் பாட்டு வாத்தியாரையே கல்யாணம் செய்துகொண்டு மதராஸுக்குப் போய்விட்டாள். இரண்டு வருஷத்தில் அவள் பாடிய கிராமபோன் பிளேட்டு வந்தது. ஒரே முருகன் பாட்டு, பாதி ஒரு பக்கம், மீதி மறுபக்கம். பிரிக்பீல்ட்ஸில் எங்கள் ரயில்வே குவார்ட்டர்ஸுக்கு எதிரே இருந்த காப்பிக் கடையில் தினமும் சாயங்காலம் அதைப் போடுவார்கள். கடையில் ஆள் நிறையும். அக்காவின் குரலைக் கேட்டு அம்மா சோறு வடிப்பதை நிறுத்திவிட்டு வாசலுக்கு வருவாள்.

நாங்களும் பாட்டுக்காரர்கள்தான். நான் ஆர்மோனியம், தம்பி மிருதங்கம், தங்கை வாய்ப்பாட்டு. ஆனால் எங்களை யாரும் அப்படிச் சொன்னதில்லை. "பிளேட்டுக்காரம்மா தம்பிங்க" என்பார்கள். கோயில் திருவிழாவில் இரண்டு தடவை வாசித்தோம். சாப்பாடு போட்டார்கள், சந்தனம் கொடுத்தார்கள், அக்கா எப்போது ஊருக்கு வருகிறாள் என்று கேட்டார்கள்.

கடைசியில் அம்மாவுக்கே அலுத்துவிட்டது. "உங்க பேரச் சொல்லி ஒருத்தராச்சும் கூப்பிட்டாங்களாடா?" என்று ஒரு நாள் கேட்டாள். இல்லை என்பது அவளுக்கும் தெரியும். அந்தத் தை மாதத்துக்குள் அப்படி ஓர் அழைப்பு வராவிட்டால் ஆர்மோனியத்தைப் பழைய சாமான் கடை முதலாளி சீனத் தவ்கேயிடம் விற்றுவிடுவது, தம்பி தண்டவாள வேலைக்குப் போய்விடுவது என்று முடிவாயிற்று. தவ்கே வந்து பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டுப் போனார். நல்ல விலைதான் சொன்னார். அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

அந்த நேரத்தில்தான் பெரிய கங்காணி எங்கள் வீட்டுக்கு வந்தார். மகள் கல்யாணத்துக்கு நாங்கள் வர வேண்டும், பத்து வெள்ளி தருவதாகச் சொன்னார். எனக்கு உடனே வியர்த்தது. தம்பிதான் நிதானமாக, என்னென்ன பாட வேண்டும் என்று கேட்டான்.

பாட வேண்டியதே இல்லையாம். பாடப்போவது பிளேட்டு. சாப்பாடு முடிந்ததும் அக்காவின் பிளேட்டை நாலு தடவை போடுவார்கள். பாடின அம்மாவின் கூடப்பிறந்தவர்கள் கிராமபோனுக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்தால் சபைக்கு ஒரு களை. பிளேட்டைத் திருப்பி, ஊசி மாற்றி, சாவி கொடுக்கிற நேரத்தில் ஜனங்கள் எழுந்து போய்விடாமல் நாங்கள் ஏதாவது வாசிக்க வேண்டும்.

அவர் போனபிறகு தம்பி என்னைப் பார்த்தான். "ஊசி மாத்துற நேரத்துக்கு ஒரு கச்சேரியாண்ணே?"

பத்து வெள்ளிடா என்றேன். பாட வேண்டாம் என்றதில் தங்கைக்குச் சந்தோஷமா வருத்தமா என்று எனக்குத் தெரியவில்லை.

கல்யாணத்தன்று முதல் ரயிலில் கிள்ளானில் இறங்கினோம். கங்காணி மாட்டு வண்டி அனுப்பியிருந்தார். பந்தலில் கால் வைத்ததும் அவர் செய்த முதல் காரியம், கிள்ளான் கடையில் புதிதாக வாங்கிய அக்காவின் பிளேட்டைக் காகித உறையோடு என் கையில் கொடுத்தது. "உங்க வீட்டுப் பொருளு. பத்திரமா வெச்சுக்கங்க தம்பி" என்றார்.

பத்திரம் என்ற வார்த்தையை என்னிடம் சொல்லியிருக்கக் கூடாது. முதலில் பாயில் வைத்தேன். பிள்ளைகள் ஓடினார்கள், எடுத்துவிட்டேன். ஆர்மோனியத்தின் மேல் வைத்தேன். ஒருவர் சந்தனக் கிண்ணத்தை அதன் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தார், எடுத்துவிட்டேன். முகூர்த்தம் முடியும்வரை கையிலேயே வைத்திருந்தேன், அட்சதையை ஒற்றைக் கையால்தான் போட்டேன். பந்திக்குக் கூப்பிட்டபோதுதான் கொல்லைப்பக்கம் ஓர் இடம் கண்ணில் பட்டது. குளிக்கும் அறைக்குத் தகரக் கூரை, அதன்மேல் பலாமர நிழல். ஆளும் மாடும் எட்ட முடியாத உயரம். வாளியைக் கவிழ்த்துப் போட்டு ஏறி, பிளேட்டை அங்கே வைத்துவிட்டு, ரொம்ப நாளைக்குப் பிறகு நிம்மதியாகச் சாப்பிட்டேன். பாயசம் இரண்டு தடவை கேட்டு வாங்கினேன்.

நிழல் ஓர் இடத்தில் நிற்காது என்பது எனக்குத் தோன்றவில்லை.

திரும்பிப் போனபோது தகரம் கொதித்தது. உறையைப் பிரித்துப் பார்க்கக்கூட நேரமில்லை, அதற்குள் மேடைக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். கிராணி உறையைக் கழற்றித் தட்டின்மேல் வைத்தார். தகரத்தில் எத்தனை மேடு பள்ளமோ அத்தனையும் பிளேட்டில் இருந்தன. பொரித்த அப்பளம் அதைவிட ஒழுங்காக இருக்கும். கிராணி பெட்டியைச் சுற்ற விட்டு ஊசியை வைத்தார். ஊசி மேட்டில் ஏறியது, பள்ளத்தில் விழுந்தது, தாவி வெளியே போயிற்று. அக்காவின் குரல் ஆட்டுக்குட்டியின் குரலாக இரண்டு தடவை கேட்டது.

கங்காணிக்கு முகம் சிவந்துவிட்டது. கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்றார். பிறகு, பெட்டிதான் கோளாறு என்று கிராணியைப் பார்த்துச் சொன்னார். கிராணி பாவம், எழுந்து நின்றுவிட்டார். எனக்கு அதற்குமேல் தாங்கவில்லை.

"ஐயா, நான்தான். தகரத்து மேல வெச்சேன்."

"எதுக்கு தம்பி தகரத்து மேல?"

"பத்திரமா இருக்கட்டும்னு."

முதலில் சிரித்தது சமையல்காரர். பிறகு பின்வரிசை. கங்காணி மட்டும் சிரிக்கவில்லை. பிளேட்டை எடுத்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். எங்கள் மூன்று பேரையும் பார்த்தார். எனக்கு ஆர்மோனியம் தவ்கே கடை அலமாரியில் இருப்பது போலவே தெரிந்தது.

"சரி, பிளேட்டு காஞ்சு போச்சு. நீங்க காயலையே. பாடுங்க" என்றார்.

தங்கை என் பக்கம் குனிந்து, என்ன பாட என்று கேட்டாள். நான் ஆர்மோனியக் கட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தேன். தம்பிதான், ஜனங்கள் எதைக் கேட்க வந்தார்களோ அதையே பாடு என்றான்.

அந்தப் பாட்டை அக்கா எங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததில்லை. நாங்கள் படித்ததெல்லாம் காப்பிக் கடை கிராமபோனில்தான். அதனால் தங்கை அக்கா மூச்சு வாங்கும் இடத்தில் மூச்சு வாங்கினாள், அக்கா இருமலை அடக்கின இடத்தில் தானும் லேசாகக் கனைத்தாள். நன்றாகவே பாடினாள். கூட்டம் அசையாமல் கேட்டது.

பாட்டில் பாதி வந்தது. தங்கை நிறுத்திவிட்டாள். தம்பியின் கை நின்றது. என் கையும் நின்றது. மூன்று பேரும் அப்படியே உட்கார்ந்திருந்தோம். ஏன் என்று சபைக்குப் புரியவில்லை. எங்களுக்கும் அந்த நிமிஷம் தோன்றவில்லை. பிளேட்டு அந்த இடத்தில்தான் முடியும். காப்பிக் கடைக்காரர் திருப்பிப் போடும்வரை காத்திருந்தே எங்களுக்குப் பழக்கம்.

சமையல்காரர்தான் கண்டுபிடித்தார். "அட, யாராச்சும் திருப்பிப் போடுங்கப்பா" என்றார்.

பந்தலே கலகலத்தது. மாப்பிள்ளை மாலையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஒரு பெரியவர் மேடைக்கு வந்து, தங்கையின் தோளுக்குப் பக்கத்தில் காற்றில் கைப்பிடியைச் சுற்றிச் சாவி கொடுத்துவிட்டுப் போனார். தங்கையும் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்போடு மறுபக்கத்தை ஆரம்பித்தாள் பாருங்கள், அது அக்கா பாடின மாதிரியே இல்லை. மூச்சு வேறு இடத்தில் வாங்கினாள். அக்கா தொடாத ஒரு மேல் ஸ்தாயிக்குப் போய்விட்டு வந்தாள். தம்பி என்னைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினான்.

ஆனால் பழக்கம் லேசில் விடுமா? அந்தக் காலத்துப் பிளேட்டுகளில் பாட்டு முடிந்ததும் பாடினவரே தன் பேரைச் சொல்லுவார். இப்போது வருகிற பிளேட்டுகளில் அது கிடையாது. தங்கை பாட்டை முடித்தாள், ஒரு மூச்சு விட்டாள், அக்காவின் பேரைக் கணீரென்று சொன்னாள்.

சொன்னபிறகுதான் அவளுக்கே தெரிந்தது. தலையைக் குனிந்துகொண்டாள். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. கங்காணி பாயிலிருந்து எழுந்தார்.

"அது ஒங்க அக்கா பேரும்மா. பாடுனது நீ. ஒம் பேரு என்ன?"

சொன்னாள். அவள் காதுக்கே கேட்டிருக்காது.

"கேக்கல. பிளேட்டுல சொல்ற மாதிரி சொல்லு."

தங்கை நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னாள். பந்தல் கடைசிவரை கேட்டது. தம்பி சொன்னான். என் முறை வந்தபோது பதற்றத்தில் என் பேரோடு அப்பா பேர், குவார்ட்டர்ஸ் நம்பர், ரயில்வேயில் எனக்குக் கொடுத்த நம்பர் எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்லிவிட்டேன். மறுபடியும் சிரிப்பு. ஆனால் அது நல்ல காரியமாகவே முடிந்தது. பிறகு தம்பி சொந்தமாகக் கட்டிவைத்திருந்த பாட்டுகளை வெயில் தாழும்வரை பாடினோம். கிளம்பும்போது கிராணி வந்து, அவர் மைத்துனர் வீட்டுக் காதுகுத்துக்கு, கிள்ளானில், எங்களை எங்கள் பேரைச் சொல்லியே கூப்பிட்டார். அடுத்த வாரம் சுங்கை வேயிலிருந்து ஒருவர் நேரே குவார்ட்டர்ஸ் வாசலுக்கு வந்தார். நம்பர்தான் தெரியுமே.

தவ்கே கேட்டு அனுப்பினபோது, ஆர்மோனியம் விற்பனைக்கு இல்லை என்று அம்மாவே சொல்லி அனுப்பினாள்.

அக்காவுக்கு எல்லாவற்றையும் தம்பி எழுதிப் போட்டான். அவள் பதிலில் கோபம் இல்லை. பிளேட்டு எடுத்த அன்று பேர் சொல்ல வேண்டிய இடத்தில் பயத்தில் தன் பேரே மறந்துபோய், முழுப் பாட்டையும் இரண்டாம் தடவை பாட வேண்டியிருந்தது என்று எழுதியிருந்தாள். மறுபடியும் மறந்துவிடக் கூடாதே என்று அவள் பேரை அழுத்திச் சொன்னதைத்தான் நாங்கள் இத்தனை வருஷம் கர்வம் என்று நினைத்திருந்தோம்.

ஒன்று பாக்கி. அன்றைக்கே பிளேட்டின் விலையை என் பங்கிலிருந்து எடுத்து நீட்டினேன். கங்காணி வாங்கவில்லை. "வெச்சுக்க. குடுத்துட்டா நீ திரும்பி வராமப் போயிடுவ" என்றார். அதன்பிறகு அவருடைய இன்னும் இரண்டு மகள்கள் கல்யாணத்துக்கும் பேரன் காதுகுத்துக்கும் நாங்கள்தான் வாசித்தோம். ஒவ்வொரு தடவையும் அந்தப் பணத்தைக் காகிதத்தில் மடித்து எடுத்துப் போகிறேன். ஒவ்வொரு தடவையும் அதையே சொல்லித் திருப்பி அனுப்புகிறார். இன்னொரு மகள் இருக்கிறாள், அவள் கல்யாணத்துக்கும் இப்போதே கூப்பிட்டுவிட்டார். எதற்கெடுத்தாலும் பதறும் எனக்கு, நினைத்தால் சிரிப்பு வருகிற கடன் இது ஒன்றுதான்: இரண்டு வெள்ளி ஐம்பது காசு, இன்னும் பாக்கி.