இரண்டு வீட்டுக் கரண்ட்

முந்நூறு பேருக்காகச் செய்யப்பட்ட ஒரு இயந்திரத்தை, தனியாக வாழும் ஒரு பெண் தன் வீட்டில் எதற்காக வைத்துக்கொள்ள வேண்டும்? நம் கல்லூரியில் பிலோமினாவைத் தெரிந்த நீங்கள் எல்லோரும் ஒரு முறையாவது என்னிடம் இதைக் கேட்டிருப்பீர்கள். பக்கத்துப் போர்ஷனில் இருப்பவள் என்பதால் எனக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்தீர்கள். அப்போதும் தெரியாது, இப்போதும் தெரியாது.

அன்று அமாவாசை. திண்டிவனத்திலிருந்து செஞ்சிக்குத் திரும்பும் பஸ்ஸில் மேல்மலையனூருக்குப் போகும் கூட்டம். ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தபோது அவளுடைய அண்ணன் மகன் ஜெரோம் போனில் அழைத்தான். "மேடம், அத்தை தவறிட்டாங்க. மூச்சு முட்டல் நிக்கவே இல்ல. புதுச்சேரிலேர்ந்து நேரா ஊருக்கு எடுத்துக்கினு போறோம்" என்றான். சரி என்றேன். பக்கத்தில் நின்றிருந்த அம்மாள் தன் எலுமிச்சம்பழப் பையைச் சற்று நேரம் பிடித்துக்கொள்ளச் சொன்னார். இறங்கும்வரை பிடித்துக்கொண்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தபோது சுவருக்கு அந்தப் பக்கம் அந்த இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகும்போது, "ரெண்டு நாள்ல வந்துடுவேன், ஆஃப் பண்ண வேணாம்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள். பூட்டிய வீட்டுக்குள் யாரோ ஓயாமல் வேலை செய்வதுபோல அந்தச் சத்தம். ஒன்பது வருடங்களாக அந்தச் சத்தத்தைப் பற்றி நான் புகார் சொல்லியிருக்கிறேன். அன்று மாலை செருப்பைக்கூடக் கழற்றாமல் அதைக் கேட்டுக்கொண்டு நின்றேன்.

நம் பொறியியல் கல்லூரியை மூடிய நாளை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஆய்வகச் சாமான்களைப் பழைய இரும்புக்காரர் வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார். கம்ப்யூட்டர் ஆய்வகத்துக்குப் பொறுப்பாக இருந்த பிலோமினா, ஏற்றிய ஒன்றைத் திரும்ப இறக்கச் சொன்னாள். இரும்புச் சட்டத்தில் அடுக்கி வைத்திருந்த சர்வர்களில் ஒன்று. கல்லூரி முழுவதற்கும் வருகைப் பதிவும் மதிப்பெண்ணும் அதில்தான் இருந்தன. பலகைபோலத் தட்டையாக, ஒரு ஆள் தூக்க முடியாத கனத்தில் இருந்தது. அவள் ஒரு முனையைப் பிடித்தாள். இயற்பியல் துறையின் கடைசிக் கோப்புகளைக் கட்டிக்கொண்டிருந்த நான் மறுமுனையைப் பிடித்தேன். ஆட்டோக்காரர் பார்த்துவிட்டு, "இன்னாக்கா இது, பீரோவப் போட்டு நசுக்கிட்டாங்களா?" என்றார். "ஆமாம்பா, மெதுவாப் போ. உள்ள துணியெல்லாம் மடிப்பு கலையாம இருக்குது" என்றாள்.

அவள் அதைக் கொண்டுபோய் ஏதாவது பெரிய வேலை செய்யப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் செய்தது இதுதான்: சாப்பாட்டு மேசைக்கு அடியில் அதைப் படுக்கவைத்தாள். மேசைமேல் ஒரு பழைய மானிட்டர், கீபோர்டு, மவுஸ். அதில் கரண்ட் பில் கட்டினாள், மாதா கோயில் அறிவிப்புகளைத் தட்டச்சு செய்தாள், சீரியல் பார்த்தாள். அந்த இயந்திரத்துக்குப் பாட்டும் படமும் பழக்கமில்லை. ஒலிக்கென்று ஒரு சின்னக் கருவியைத் தனியாக வாங்கிச் செருக வேண்டியிருந்தது. படம் திக்கித் திக்கித்தான் ஓடும். சீரியல் அம்மா வாயை மூடிய பிறகு வசனம் வரும். "இதுல பாத்தா எல்லா மாமியாரும் யோசிச்சிப் பேசுற மாதிரி இருக்குது மேடம்" என்பாள். ஸ்விட்சைப் போட்டால் உடனே எழாது. விசிறிகள் எல்லாம் ஒன்றாக அலறும். பிறகு தன் நினைவகத்தை மூலை மூலையாகச் சோதித்துப் பார்க்கும். அவள் காபி போட்டுக் குடித்து முடித்து வரும்போதுதான் திரையில் ஏதாவது தெரியும்.

நாங்கள் இருப்பது வரிசையாக மூன்று போர்ஷன் உள்ள வீடு. மேற்கே அவள், நடுவில் நான், கிழக்கே கஸ்தூரி. கஸ்தூரியின் கணவர் பஸ் கண்டக்டர். காலையில் அந்த அலறல் கேட்டதும் கஸ்தூரி வாசலில் இருந்தபடியே, "பிலோக்கா, உன் பிளேன் கெளம்பிடுச்சா? மெட்ராஸ் போனா நமக்கும் ஒரு சீட்டு போடு!" என்று கத்துவாள். "உனுக்கு ரெக்கை மேலதான் எடம்" என்று உள்ளிருந்து பதில் வரும். நடுவில் நான் செய்தித்தாள் படித்துக்கொண்டிருப்பேன். அவர்கள் பேச்சு என் வாசலைக் கடந்து போகும்.

ஒரு மார்கழியில் அவள் இட்லி மாவுப் பாத்திரத்தை இயந்திரத்தின் பின்பக்கம் வைத்திருந்ததைப் பார்த்தேன். அங்கிருந்து வெந்நீர் அடுப்பின் பக்கம்போல அனல் வரும். மாவு பொங்கி மூடியைத் தள்ளியிருந்தது. நான் சிரிப்பதை எதிர்பார்த்தாள். வெப்பத்தை வீணாக்காமல் பயன்படுத்துவது சரிதான் என்றேன். "முந்நூறு பேருக்கு மார்க் போட்ட மெஷின் மேடம். இப்ப எனக்கு மாவு புளிக்கவச்சிக் குடுக்குது. அதுக்கு இன்னா கொறச்சல்?" என்றாள். அந்தக் குளிர்காலம் முழுவதும் நான் சாப்பிட்ட இட்லி அந்த மாவில் செய்தது.

இப்போது ஒயர் விஷயத்துக்கு வருகிறேன். அந்தச் சர்வரில் மின்சாரம் வாங்க இரண்டு வழிகள், இரண்டு பிளக்குகள். ஒன்று செத்தாலும் மற்றொன்றில் ஓட வேண்டும் என்று செய்தது. எங்கள் மூன்று போர்ஷன்களும் மும்முனை மின்சாரத்தில் மூன்று தனித்தனி பேஸில் இருப்பதை அவள் கவனித்திருந்தாள். செஞ்சியில் கரண்ட் போனால் பெரும்பாலும் ஒரு பேஸில்தான் போகும். ஒரு வீட்டில் இருட்டாக இருக்கும்போது அடுத்த வீட்டில் மிக்ஸி ஓடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து வந்தவுடன் ஒரு சுருள் ஒயரோடு என் கதவைத் தட்டினாள்.

"மேடம், ஒரு பிளக்கு எங்கூட்ல இருக்கட்டும், ஒண்ணு உங்கூட்ல இருக்கட்டும். ரெண்டு பேரு கரண்டும் ஒண்ணா போனாத்தான் இது நிக்கும்."

மின்வாரியத்துக்குத் தெரிந்தால் வம்பு என்றேன். இரண்டு பேஸையும் ஒரே பெட்டிக்குள் கொண்டுபோவது ஆபத்தா என்று கேட்டு, உள்ளே இரண்டும் தனித்தனி என்று அவள் படம் போட்டுக் காட்டும்வரை விடவில்லை. கடைசியாக, இவ்வளவு நாள் சத்தம் மட்டும்தான் வந்தது, இனி கரண்டும் என்னுடையதா என்றேன். "சத்தத்துல பாதி உங்களுது, கரண்ட்ல பாதி உங்களுதா இருந்தா என்னா? மாவுலயும் பாதி குடுக்குறேனே" என்றாள். ஒயர் வெண்டிலேட்டர் வழியாக என் ஹாலுக்கு வந்தது.

அதன் பிறகு அந்த இயந்திரம் நின்றதே இல்லை. பிலோமினா எதையும் சேமிக்கும் பழக்கத்தை விட்டுவிட்டாள். கோயில் அறிவிப்பைப் பாதியில் வைத்துவிட்டுக் கடைக்குப் போவாள். திண்டிவனத்தில் நான் இப்போது வேலை பார்க்கும் கல்லூரிக்கான வினாத்தாள்களை அதில் தட்டச்சு செய்யப் பழகிய நானும் அப்படியே ஆனேன். ஊரில் வேறு எந்தக் கம்ப்யூட்டரிலும் யாரும் அப்படிச் செய்யமாட்டார்கள்.

நான் எதிர்பார்க்காத இன்னொன்றும் நடந்தது. என் பக்கம் கரண்ட் போனால் அந்தப் பெட்டியின் பின்னால் ஒரு பச்சை விளக்கு மஞ்சளாகும், விசிறிகளின் குரல் மாறும். உடனே அவள் சுவரைத் தட்டி, "மேடம், உங்க பக்கம் மஞ்சளாயிடுச்சி" என்பாள். ஒரு முறை நான் காய்ச்சலில் படுத்திருந்தேன். என் பக்கம் கரண்ட் போயிருந்தது. எழுந்து விளக்கு ஏற்றவும் தெம்பில்லை, யாரையும் கூப்பிடவும் தோன்றவில்லை. அவள் சுவரைத் தட்டினாள். பதில் இல்லாததால் கஞ்சியோடு வந்து கதவை இடித்தாள். "ஒரு குரல் குடுத்தா இன்னா, குடியா முழுகிடும்?" என்று திட்டினாள். இதற்காகத்தான் அவள் அந்த ஒயரை இழுத்தாள் என்று எழுதினால் இந்தக் கட்டுரை அழகாக முடியும். ஆனால் அவள் அப்படிச் சொன்னதில்லை. நான் கேட்டதும் இல்லை.

அவளுடைய ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் முடிந்தது. அடுத்த வாரம் ஜெரோம் ஒரு நண்பரோடு வீட்டைக் காலி செய்ய வந்தான். கட்டில், பாத்திரங்கள் எல்லாம் வண்டியில் ஏறின. பிறகு அவன் என் வாசலில் வந்து நின்றான். முகம் வெளுத்திருந்தது.

"மேடம், பிளக்கப் புடுங்கிட்டேன். இன்னும் ஓடுது."

"பிலோக்கா அவ்ளோ சீக்கிரம் உட்டுடுமா?" என்றாள் கஸ்தூரி. சிரிக்க முயன்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

ஒயரைப் பற்றி அவனுக்குச் சொன்னேன். இதை என்ன செய்யப்போகிறாய் என்று கேட்டேன். "நைனா பழைய இரும்புக்குப் போட்டுடச் சொல்லிச்சி. இது யாருக்கு ஆவும்?" என்றான். நான் யாரிடமும் எதையும் எளிதில் கேட்பவள் இல்லை. அது நிற்கக் கூடாது என்று மட்டும் எனக்குத் தோன்றியது. அதற்கு நான் மதிக்கக்கூடிய ஒரு காரணமும் என்னிடம் இல்லை. எனக்கு ஆகும் என்றேன்.

நிறுத்தாமலே கொண்டுவந்தோம். என் வீட்டிலிருந்து நீளமான எக்ஸ்டென்ஷன் ஒயரை வாசல் வழியாக அவள் வீட்டுக்குள் கொண்டுபோய், ஜெரோம் பிடுங்கிய பிளக்கை அதில் செருகினேன். பிறகு வெண்டிலேட்டர் ஒயரை எடுத்தேன். பச்சை, மஞ்சளாயிற்று. அது ஓடிக்கொண்டிருக்கும்போதே இரண்டு ஆண்களும் தூக்கினார்கள். நான் ஒயரைச் சுருட்டிக்கொண்டே முன்னால் நடந்தேன். கஸ்தூரி செருப்புகளை ஒதுக்கி, "பாத்து, பாத்து, படி இருக்குது" என்று வழிவிட்டாள். விசிறிகள் இரைந்தபடி, அனல் விட்டபடி, அது ஒரு வாசலிலிருந்து இறங்கி அடுத்த வாசலில் ஏறியது. தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். வீட்டு உரிமையாளர் அன்றே மேற்குப் போர்ஷனின் மெயினை இறக்கிப் பூட்டிக்கொண்டு போனார்.

இந்தக் கட்டுரையை அதில்தான் எழுதினேன். பிலோமினாவிடமிருந்து நான் எதை வைத்துக்கொள்கிறேன் என்று சொல்லும் கடைசிப் பத்தியையும் நேற்று எழுதி முடித்தேன். நன்றாக வந்திருந்ததாக நினைத்தேன். திரையில் அப்படியே விட்டுவிட்டுப் படுத்தேன்.

இன்று காலை என் பேஸில் கரண்ட் போனது. இரண்டு பிளக்கும் இப்போது என் வீட்டிலேயே இருப்பதை அப்போதுதான் உணர்ந்தேன். இயற்பியல் படித்தவளுக்கு முன்பே தோன்றியிருக்க வேண்டும். விசிறிகள் ஒவ்வொன்றாக இறங்கி நின்றன. ஒயர் இழுத்த நாளுக்குப் பிறகு முதல் முறையாக அந்த வரிசையில் சத்தம் இல்லை. முன்பு எப்போதோ சேமித்திருந்தது மட்டும் மிஞ்சியது; நேற்று எழுதிய பத்தி போய்விட்டது. யாரும் சுவரைத் தட்டவில்லை.

கிழக்குப் பக்கம் கஸ்தூரியின் மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது. நான் நெடுநேரம் யோசித்தேன். பிறகு வெண்டிலேட்டரிலிருந்து எடுத்த ஒயர்ச் சுருளோடு போய் அவள் கதவைத் தட்டினேன்.

"இன்னா மேடம், பிளேன் நின்னுடுச்சா?"

நின்றுவிட்டது என்றேன். ஒயரைக் காட்டி, ஒரு பிளக் உன் வீட்டில் இருக்கட்டுமா என்று கேட்டேன். ஏன், எதற்கு என்று அவள் கேட்கவில்லை. சுருளை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, "சாப்டீங்களா?" என்றாள்.

"ஆச்சு" என்று வழக்கமாகச் சொல்லும் பதில் வாய்வரை வந்தது. "இல்லை" என்றேன்.