பன்றிக்கு விட்ட வழி

பென்னாகரத்தைத் தாண்டிக் காட்டோரச் சரிவில் உண்ணிச்செடி என்ற முட்புதரை அகற்றும் திட்டத்தில் களப் பொறுப்பாளராக இருந்தேன். உண்ணி மண்டிய இடத்தில் புல் முளைக்காது. புல் இல்லையென்றால் மாடும் பட்டினி, மானும் பட்டினி. செடியை வெட்டி, என்ன நடக்கிறதென்று பார்த்து, பார்த்ததற்கு ஏற்ப வேலையை மாற்றிக்கொள்ள வேண்டும் என்று திட்ட அறிக்கையின் முதல் பக்கத்திலேயே போட்டிருந்தது. படிக்க நன்றாகத்தான் இருந்தது.

புதரைச் சுற்றி ஆட்கள் வட்டமாக நின்று, வெளியிலிருந்து உள்நோக்கி வெட்டிப் போவது எங்கள் முறை. ஒரு வேர்கூட விடுபடாது என்பது அலுவலகத்தின் நியாயம். வெட்டுகிறவர்களுக்கு வேறொரு சந்தோஷம் இருந்தது. வட்டம் சுருங்கச் சுருங்க முயல்கள் நடுப்புதரில் ஒண்டிக்கொள்ளும். புதர் சாயும்போது முயல்மேல் நாலு அடி போட்டால் அன்றைக்குக் கறிக்குழம்பு. எனக்கோ வேறு கவலை. முயல் ஒண்டுகிற இடத்தில் பன்றி ஒண்டாதா?

காட்டுப் பக்கம் மட்டும் திறந்து விடலாமா என்று ஒருங்கிணைப்பாளரிடம் போனில் கேட்டேன். "அரையாண்டு ரிவ்யூல பேசிக்கலாம் மேடம். நடுவுல மாத்துனா எதையும் ஒப்பிட்டுப் பாக்க முடியாது" என்றார்.

ரிவ்யூவுக்கு முன்னால் பன்றி வந்துவிட்டது. நடுப்புதரில் கொடுவாளை வீசக் குனிந்தவள், நாள் முழுக்க எல்லாரையும் கிண்டலடிக்கும் ஒரு பெண். புதர் பிளந்து ஆண்பன்றி அவள்மேலேயே பாய்ந்தது. கோரைப்பல் தொடையில் இறங்கி முழங்கால்வரை கிழித்தது. விழுந்தவளை மிதித்துக்கொண்டு மறுபடி குத்தியது. பக்கத்தில் வெட்டிக்கொண்டிருந்த அவள் கணவன் கொடுவாளை வீசினான். பன்றி தப்பிக் காட்டுக்குள் ஓடிவிட்டது. என் துப்பட்டாவை இறுக்கிக் கட்டியும் ரத்தம் நிற்கவில்லை. ஜீப்பில் தர்மபுரி ஆஸ்பத்திரி போகிறவரை அவள் என் மணிக்கட்டை விடவே இல்லை. காலைக் காப்பாற்ற முடியுமா என்று டாக்டரால் சொல்ல முடியவில்லை.

ஒருங்கிணைப்பாளரைக் கூப்பிட்டேன். வாயில் வந்த கெட்ட வார்த்தைகளையெல்லாம் சொன்னேன். அடுத்த புதரிலிருந்து முறை மாறும் என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். அனுமதி கேட்கவில்லை.

அடுத்த புதரை ஊர்ப் பக்கத்திலிருந்து மட்டும் வெட்டினோம். காட்டை நோக்கிய பக்கத்தில் ஒருவரையும் நிறுத்தவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வந்திருந்த அந்தக் கணவனும் வெட்டினான். பாதி வெட்டியதும் ஒரு பெண்பன்றி குட்டிகளோடு திறந்த பக்கமாக வெளியேறியது. அவன் கொடுவாளோடு பின்னால் ஓடினான். குறுக்கே போய் நின்றேன்.

"தள்ளு மேடம். என் பொண்டாட்டி கால கிழிச்சதுக்கு வழி வுடறயா நீ?"

"அந்தப் பன்னி இது இல்லைங்க. கொடுவாளக் கீழ போடுங்க."

அவன் போடவில்லை. ஓங்கினான். நான் கையைத் தூக்கினேன். கடைசி நொடியில் வாளைத் திருப்பிவிட்டான் போலிருக்கிறது. வாளின் முதுகுப் பக்கம்தான் என் கையில் விழுந்தது. என் இரண்டு விரல் எலும்புகள் முறிந்தன. நான் கத்திய கத்தலில் எல்லாரும் ஓடி வந்து அவனைப் பிடித்து அடித்தார்கள். அவன் திருப்பி அடிக்கவில்லை, அழுதான். எனக்கு அவன்மேல் இரக்கம் வரவில்லை. அவனை இன்னும் நாலு அடி அடிக்கட்டும் என்றுதான் இருந்தது.

அதே ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டார்கள். முடிந்ததும் அவளைப் பார்க்கப் போனேன். முந்தின நாள்தான் அவள் காலை வெட்டி எடுத்திருந்தார்கள்.

"உங்களையும் பன்னி முட்டிடுச்சுங்களா?"

"இல்ல. உங்க வூட்டுக்காரருதான்."

அவள் என் மாவுக்கட்டைத் தொட்டுப் பார்த்தாள்.

"அப்ப பன்னி வரலீங்களா?"

"வந்துச்சு, காட்டுக்குப் போயிடுச்சு. ஒரு பக்கம் தொறந்து வுட்டிருந்தோம். யாருக்கும் ஒண்ணும் ஆவல."

அவள் போர்வைக்குள் கால் இல்லாத இடத்தைத் தடவினாள்.

"அன்னிக்கே தொறந்து வுட்டிருக்கலாமில்லிங்க" என்றாள்.