காசிம் பாய் கடையும் ஒரு கட்டிக் கற்பூரமும்

ஓய்வு பெற்ற வருவாய்த் துறைக்காரர்களின் வாட்ஸப் குழு ஒன்றில் என்னையும் சேர்த்திருக்கிறார்கள். காலை வணக்கம், ரோஜாப்பூ, ஓய்வூதிய அரசாணை, இரங்கல் செய்தி என்று வரிசை தப்பாமல் வந்துகொண்டிருக்கும். போன வாரம் குழுவை நடத்துபவர் ஒரு விதி போட்டார். இங்கே யாரும் மதம் பேசக் கூடாது, பேசினால் நீக்கப்படுவார்கள். உடனே மளமளவென்று கட்டைவிரல்கள். நானும் ஒரு கட்டைவிரலை அனுப்பிவிட்டுத்தான் யோசித்தேன். மதம் பேசுவதற்கென்றே தினமும் சாயங்காலம் ஐந்தேகாலுக்கு ஓர் இடத்தில் போய் உட்கார்ந்த காலம் எனக்கு இருந்தது.

என் தேதிப் பைத்தியம் உங்களுக்குத் தெரியும். கல்யாணப் பத்திரிகையைப் பார்த்தால் மாப்பிள்ளை பெயருக்கு முன்னால் கிழமையும் தேதியும் பொருந்துகிறதா என்று பார்க்கிறவன் நான். ஆனால் இந்தக் கட்டுரையில் தேதி இருக்காது. அந்த இரண்டு ஆண்டுகளின் நாட்குறிப்புகளைக் கரையான் தின்றுவிட்டது. நிச்சயமில்லாத தேதியை எழுதுவதைவிட எழுதாமல் விடுவது மேல். கோட்டையில் ஆட்சி மாறி மூன்று நான்கு சம்பா அறுவடை ஆகியிருந்தது என்று மட்டும் சொல்கிறேன். குத்தகைக்கு உழுபவர்களின் பெயரைப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும் என்ற சட்டம் ஊர் ஊராக இறங்கிக்கொண்டிருந்தது. சீர்காழிக்குக் கிழக்கே பாதி ஊர்களில் அறுவடைக் களத்தில் போலீஸ் வேன் நிற்கும். வாய்க்காலுக்கு இந்தக் கரையில் ஒரு கொடி, அந்தக் கரையில் ஒரு கொடி. அந்தப் பதிவு வேலைக்குத்தான் நான் புது எழுத்தராகப் போய்ச் சேர்ந்தேன். ஊரின் பெயர் வேண்டாம்.

தேதி போனாலும் கிழமை போகவில்லை. எங்கள் பேச்சே ஒரு வெள்ளிக்கிழமையில்தான் தொடங்கியது. பஸ் நிற்கும் இடத்தில் காசிம் பாயின் டீக்கடை. அவர் கடைக் கைமா சமோசா அந்த வட்டாரத்தில் பெயர் பெற்றது. எண்ணெயில் வேகும்போது வரும் சோம்பு வாசனைக்கு பஸ்ஸை விட்டவர்கள் உண்டு. அன்று எனக்கு ஒன்றை எடுத்து நீட்டினார். நான் வேண்டாம் என்றேன்.

"ஏன் தம்பி, வயிறு சரியில்லையா?"

"வெள்ளிக்கிழமை கவுச்சி சாப்பிட மாட்டோம் பாய். நாங்க வேதக்காரங்க, மாதா கோயிலுக்குப் போறவங்க."

"அட, நம்ம கட்சி!" என்று ஒரு குரல் வந்தது. பெஞ்சின் ஓரத்தில் நெற்றி நிறையத் திருநீறோடு ஒருவர் பருப்பு வடையைத் தட்டில் பிய்த்துக்கொண்டிருந்தார். பெயர் பொன்னம்பலம் பிள்ளை. அந்தப் பக்கத்துப் பெரிய நிலக்காரர் ஒருவரின் காரியஸ்தர். அவருக்கும் வெள்ளிக்கிழமை சைவம். அன்றிலிருந்து வெள்ளிதோறும் எங்கள் இருவருக்கும் ஒரே தட்டில் வடை வரும்.

நான்காவது ஆள் எங்கள் சர்வேயர் மணிமாறன். அம்மா அப்பா வைத்த பெயர் சுப்பிரமணியன். அதை அவராகவே கெஜட்டில் மாற்றிக்கொண்டவர். அளவுச் சங்கிலியைத் தோளில் போட்டுக்கொண்டு, வழியில் கோயில் வந்தால் வேண்டுமென்றே செருப்பை அழுத்தி மிதித்து நடப்பார். வெள்ளிக்கிழமை மதியம் பாய் தொழுகைக்குப் போகும்போது கடையை அவரிடம்தான் ஒப்படைப்பார். "ஒரு நாத்திகன் டீ ஆத்துறதாலதான் ஒரு முஸ்லிம் சொர்க்கம் போறான். இதுக்கு எனக்கு என்ன பங்கு?" என்பார் மணிமாறன். "உங்களுக்கு சமோசா உண்டு. அங்கிட்டு போனா அது கிடைக்காது" என்பார் பாய்.

எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. ஞானோபதேசக் கேள்வி பதில் முழுக்க மனப்பாடம். யார் எது கேட்டாலும் எண் போட்டுப் பதில் சொல்வேன். இப்போது நினைத்தால் அந்தப் பையனை எழுந்து போகச் சொல்லத் தோன்றுகிறது. ஆனால் அவர்கள் மூவரும் பொறுமையாகக் கேட்டார்கள், கேட்டுவிட்டுக் கிண்டலும் செய்தார்கள். பாவசங்கீர்த்தனம் பற்றி நான் ஒரு நாள் முழு நீளத்துக்கு விளக்கியபோது பிள்ளை வடையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

"செஞ்சதெல்லாம் செஞ்சுட்டு சாமியார் காதுல போட்டாத் தீந்துடுமா? பலே சௌகரியம் தம்பி. எங்கள்ல ஏழு ஜென்மம் எடுத்துக் கழிக்கணும்."

"இவரு ஏழு ஜென்மமும் காரியஸ்தராப் பொறந்தா, குடியானவன் கதி என்ன?" என்றார் மணிமாறன்.

இப்படிப் போன ஒரு பேச்சில்தான் சத்தியம் பற்றி வந்தது. அந்தப் பக்கத்தில் வரப்புத் தகராறு முதல் வாய்த் தகராறு வரை ஊர் எல்லை ஐயனார் முன்னால் தீர்ந்துவிடும். கற்பூரத்தை ஏற்றி, சொல்ல வேண்டியதைச் சொல்லி, கையால் அடித்து அணைக்க வேண்டும். பொய் சொல்லி அணைத்தவன் வீட்டில் விளக்கு எரியாது என்பது நம்பிக்கை. "உங்காளுங்க அணைப்பாங்களா?" என்று பிள்ளை கேட்டார்.

"மாட்டாங்க. பத்துக் கட்டளையில முதல் கற்பனையே அதுதான். வேற தெய்வத்தின் பேரால சத்தியம் செஞ்சா சாவான பாவம். தலையே போனாலும் எங்க குடியானவன் செய்ய மாட்டான்" என்றேன். சொல்லும்போது எனக்குப் பெருமையாக இருந்தது.

அது தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனுக்கு முந்தைய வாரம். சாம்பல் புதன் கழிந்து ஆறாம் நாள், செவ்வாய்க்கிழமை, சவரிமுத்துவின் மனு விசாரணைக்கு வந்தது. சவரிமுத்து அந்த ஊர்க் காலனிக்காரர், என்னைப் போல வேதக்காரர். ஐம்பது வயது இருக்கும். பிள்ளையின் முதலாளிக்குச் சொந்தமான ஐந்து மா நிலத்தைக் குத்தகைக்கு உழுது வந்தார். குத்தகைக்கு எழுத்துச் சீட்டு கிடையாது. அந்தக் காலத்தில் யாருக்கும் கிடையாது. பதிவேட்டில் பெயர் ஏறிவிட்டால் அவரை நிலத்திலிருந்து இறக்க முடியாது. ஏறாவிட்டால் அடுத்த நடவுக்கு அவர் கூலி ஆள். முதலாளி தரப்பு அவர் எப்போதுமே கூலி ஆள்தான் என்றது. பக்கத்து வயல்காரர்கள் வாயைத் திறக்கவில்லை. அவர்கள் நிலமும் அதே முதலாளியுடையது.

விசாரித்த துணைத் தாசில்தார் நல்ல மனிதர். ஆனால் வெயிலுக்கு முன் முடிக்க வேண்டும் என்ற கவலை அவருக்கு. ஐயனார் கோயில் முன்னால் நான் மடியில் அட்டையை வைத்துக்கொண்டு வாக்குமூலம் எழுதிக்கொண்டிருந்தேன். மணிமாறன் வயலை அளந்துவிட்டு வந்து நின்றார். அப்போது பிள்ளை கைகூப்பிக்கொண்டு முன்னால் வந்தார்.

"எதுக்குங்க சாட்சி, வாய்தா? ஐயனார் இருக்காரு. குத்தகை நெல்லு அளந்துதான் உழுதேன்னு சொல்லி சவரி கற்பூரத்த அணைக்கட்டும். இப்பவே நாங்க சம்மதிச்சுக் கையெழுத்துப் போட்டுடறோம். முதலாளிகிட்ட நான் சொல்லிக்கிறேன்."

"இதுக்கு மேல என்னப்பா வேணும்? அணைச்சிட்டுப் போ" என்றார் அதிகாரி, சவரிமுத்துவிடம்.

ஐயனார் வாசல் கல்லில் யாரோ ஒரு கட்டிக் கற்பூரத்தை வைத்து ஏற்றினார்கள். சவரிமுத்து தோள் துண்டை எடுத்துச் சுருட்டினார், பிரித்தார், மறுபடி சுருட்டினார்.

"நம்ம குருசடியில வந்து சொல்றேனுங்க ஐயா. சிலுவையத் தொட்டுச் சொல்றேன்."

"ஊர்ச் சத்தியம்னா ஐயனார்தான். தெருவுக்கு ஒரு சத்தியம் உண்டா?" என்றார் பிள்ளை. கூட்டத்தில் ஒருவர், "பொய்யன் கை பின்னாலதான் போகும்" என்றார். சிலர் சிரித்தார்கள்.

பிள்ளை என் பக்கம் பார்க்கவேயில்லை. எனக்கு அப்போதுதான் விளங்கியது. இந்தக் கற்பூரத்தை ஏற்றியது யாராக இருந்தாலும், எடுத்துக் கொடுத்தது நான்.

"எழுதுங்க. மனுதாரர் சத்தியம் செய்ய மறுத்துவிட்டார்" என்றார் அதிகாரி.

"சார், அவங்க மதத்துல..." என்று தொடங்கினேன்.

அவர் குரலைத் தாழ்த்தினார். "நீங்களும் அந்த மதந்தானே? அப்ப சும்மா இருங்க. உங்காளுக்கு உதவினீங்கன்னு நாளைக்கே மொட்டப் பெட்டிஷன் வரும். வேலை இன்னும் நிரந்தரம் ஆகல, பாருங்க."

எழுதினேன். என் கையெழுத்து அந்த நாளில் நன்றாக இருக்கும். அந்த வரியும் நன்றாகவே வந்தது.

"நான் அணைக்கட்டுமா?" என்று மணிமாறன் கேட்டார். "நீ நம்பாதவன். நீ அணைச்சா அது அடுப்பு அணைச்ச மாதிரி" என்றார் பிள்ளை. மறுபடி சிரிப்பு. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் சவரிமுத்து பேசினார். சத்தமாகப் பேசவில்லை. பிள்ளையிடம் மட்டும் சொல்வது போலத்தான் சொன்னார்.

"ஐயா, அவரு நம்பாதவரு. எனக்கு இது தெய்வமில்ல. நீங்க நம்புறவங்க. நீங்க அணைங்க. சவரிமுத்து இந்த அஞ்சு மாவ ஒரு நாளும் குத்தகைக்கு உழல, கூலிக்குத்தான் வந்தான்னு சொல்லி அணைச்சிடுங்க. நான் மனுவ வாங்கிட்டு இப்பவே போயிடறேன்."

யாரும் சிரிக்கவில்லை. பிள்ளை ஓர் அடி எடுத்து வைத்தார். வலது கை பாதி தூரம் போய் நின்றது. என் நம்பிக்கையைக் கேட்டுத் திட்டம் போட்டவர், தன் நம்பிக்கையை மறந்திருந்தார். பல வருடம் கழித்து வீட்டில் ஒரு கட்டிக் கற்பூரத்தை ஏற்றிக் கடிகாரத்தை வைத்துப் பார்த்தேன், நான்கு நிமிடம் தாங்கவில்லை. அன்று எவ்வளவு நேரம் எரிந்தது என்று குறிக்கவில்லை. எதையெல்லாமோ குறித்தவன், அதைக் குறித்திருக்கலாம். கற்பூரம் தானாகவே எரிந்து தீர்ந்தது. கல்லில் கறுப்பாக ஒரு வட்டம்.

"இப்ப என்ன எழுதறது?" என்றார் அதிகாரி.

"ரெண்டு பேரும் மறுத்துட்டாங்கன்னு எழுதுங்க சார். நடந்தது அதானே" என்றார் மணிமாறன்.

முதல் வரியை அடித்து அப்படியே எழுதினேன். அடித்த இடத்தில் அதிகாரி சுருக்கொப்பம் இட்டார். அதன் பிறகு, பக்கத்து வயல்காரர்களில் ஒருவர் செருமிக்கொண்டு முன்னால் வந்தார். "நானும் ஐயனாருக்குப் படையல் போடறவன். சவரி குத்தகைக்குத்தான் உழுதான்" என்றார். அவர் பின்னால் இன்னொருவர். புனித வாரத்தில் உத்தரவு வந்தது. சவரிமுத்துவின் பெயர் ஏறியது.

அன்று சாயங்காலமும் ஐந்தேகாலுக்குக் கடைக்குப் போனேன். பிள்ளை வந்திருந்தார்.

"நான் சிநேகிதமாச் சொன்னத வச்சுத்தானே..." என்றேன்.

"சொன்னப்ப எனக்கு அந்த நெனப்பு இல்ல தம்பி. முதலாளி ராத்திரி கூப்புட்டு வழி சொல்லுய்யான்னாரு. முப்பது வருஷமா அவரு சோறு. வாயில அதுதான் வந்துச்சு."

மணிமாறன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். "டீ ஆறுது" என்றார் பாய். அந்த வாரம் வெள்ளிக்கிழமை என் முன்னால் வடைத் தட்டு வந்தது. ஒரு வடைதான் இருந்தது. பிள்ளை அதன் பிறகு அந்தக் கடைக்கு வரவில்லை. முதலாளி வீட்டிலும் அவர் அதிக நாள் இல்லை. திருப்பனந்தாளில் மகள் வீட்டோடு போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன்.

பங்குனிக் கடைசியில் சவரிமுத்து ஒரு துணி முடிச்சில் உளுந்து கொண்டுவந்தார். வேண்டாம் என்றேன். "வேதக்காரப் புள்ளை ஒண்ணு ஆபீசுல இருந்ததாலதான்" என்றார். அந்த இடத்தில் நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன். சாமியார், அதை அவரிடமே போய்ச் சொல் என்றார். அடுத்த ஞாயிறு, அதற்கடுத்த ஞாயிறு என்று தள்ளிப்போட்டேன். பூதலூர்ப் பக்கம் மாற்றல் வந்தது. சவரிமுத்து இறந்த செய்தி எனக்கு எட்டு மாதம் கழித்துத்தான் கிடைத்தது.

பிள்ளையை அதற்குப் பிறகு ஒரே ஒரு தடவை பார்த்தேன். ஏழெட்டு வருடம் கழித்து, திருப்பனந்தாள் பஸ் நிறுத்தத்தில், ஒரு வெள்ளிக்கிழமை. உடம்பு பாதியாகியிருந்தது, திருநீறு மட்டும் குறையவில்லை. அவரே என்னை அடையாளம் கண்டு, பிள்ளை குட்டிகளை விசாரித்தார். சவரிமுத்து இறந்ததைச் சொன்னேன். "தெரியும்" என்றார். கும்பகோணம் பஸ் வந்து நின்றது. ஏறப் போனவர் திரும்பினார்.

"தம்பி, உங்க கோயில்ல சாமியார் காதுல சொல்றது ஒண்ணு சொல்வீங்களே. வேத்து மதத்துக்காரன் வந்து சொல்லலாமா?"

எனக்கு முப்பது வயதாகியும் ஞானோபதேசம் மறக்கவில்லை. "முடியாதுங்க. ஞானஸ்நானம் வாங்கியிருந்தாத்தான்" என்றேன்.

"சரிதான்" என்று தலையாட்டிவிட்டு ஏறினார். பஸ் வளைவு திரும்பிப் புழுதி அடங்கிய பிறகுதான் அவர் என்ன கேட்டார் என்பது எனக்குப் புரிந்தது. அடுத்த பஸ்ஸில் பின்னாலேயே போயிருக்கலாம். கோயில் விதி இருக்கட்டும், என்னிடம் சொல்லுங்கள், நானும் ஒன்று சொல்ல வேண்டும் என்றிருக்கலாம். போகவில்லை.

பாய் மகனோடு துபாய்க்குப் போனார். கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் பழுது பார்க்கிறார்கள். மணிமாறன் போய்ச் சேர்ந்து பல வருடம் ஆகிறது. ஐயனார் வாசல் கல்லுக்கு மேல் பளபளப்பான ஓடு பதித்திருக்கிறார்கள், கறுப்பு வட்டம் அதற்கடியில் எங்கோ. குழுவில் நூற்றுக்கு மேல் இருக்கிறோம். விதி போட்ட நாளிலிருந்து ஒருவரும் அதை மீறவில்லை. உங்கள் கோயிலில் நான் வந்து சொல்லலாமா என்று கேட்க அங்கே யாரும் இல்லை. நேற்று மாலை ஐந்தேகாலுக்கு செல்போன் ஒலித்தது. ஓய்வூதிய உயர்வு பற்றிய அரசாணை. தேதியைச் சரிபார்த்துவிட்டு மூடி வைத்தேன்.